ஏரியையா, என்னையா? ஆவணப்படத்தை ரசிப்பது எப்படி?

ஆவணப்பட வரலாறு படிக்க வரும் மாணவர்களுக்கு முதல் வாரம் நான் எந்தப் படமும் போட்டுக் காட்டுவதில்லை. சென்னை வேளச்சேரி ஏரிக்கரைக்கு அழைத்துப் போவேன். கையில் இருக்கும் செல்போனில் ஒரே ஒரு நிமிடம் எடுத்து வர வேண்டும். வெட்டக் கூடாது, பாட்டுச் சேர்க்கக் கூடாது. நிபந்தனை அவ்வளவுதான்.

போன வருடம் மூன்று பேர் எடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு பெண் நீர்க்காகத்தை எடுத்திருந்தாள். சிறகை விரித்து அது மாலை வெயிலில் காய்கிறது, பின்னால் தண்ணீர் மினுங்குகிறது. இரண்டாவது பெண், அங்கிருந்து பத்தடி தள்ளி நின்று கீழே பார்த்திருந்தாள். ஆகாயத்தாமரைக்கு நடுவே பிளாஸ்டிக் பைகள், கறுத்த நீர், அதில் மெல்ல மேலே வந்து உடையும் குமிழிகள். மூன்றாவதாக ஒரு பையன் கரையோரச் சுண்டல் வண்டியை எடுக்கப் போனான். வண்டிக்காரர் பொட்டலம் மடித்துக்கொண்டே நிமிர்ந்து, “எதைப்பா எடுக்கிற? ஏரியையா, என்னையா?” என்று கேட்டுவிட்டார். பையனுக்குப் பதில் வரவில்லை. படம் லேசாக நடுங்குகிறது. நிமிடம் முடிந்துவிடுகிறது.

ஒரே ஏரி, ஒரே மாலை, மூன்று படங்கள். எதுவும் பொய் இல்லை. உள்ளதை உள்ளபடி காட்டுவதுதான் ஆவணப்படம் என்று நினைத்து வந்த பிள்ளைகள் அன்று குழம்பிப் போய்த் திரும்புவார்கள். அந்தக் குழப்பத்தில்தான் பாடம் தொடங்குகிறது. எடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் நடுவில் ஓர் உறவு இருக்கிறது. அது ஒவ்வொரு ஷாட்டிலும் தெரியும். அதைப் படிக்கப் பழகிவிட்டால் ஆவணப்படம் கதைப்படத்துக்குச் சமமாக மனதைப் பிடித்துக்கொள்ளும். வகுப்பில் ஓர் அரையாண்டு முழுக்கப் பேசுவதை, வீட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு ஏற்றபடி ஐந்து கேள்விகளாகச் சுருக்கித் தருகிறேன்.

1. கேமரா எங்கே நிற்கிறது?

உலகெங்கும் இந்தப் பாடம் பெரும்பாலும் ஒரே படத்தில்தான் தொடங்குகிறது. ராபர்ட் ஃபிளாஹர்ட்டி 1922இல் வெளியிட்ட ‘நானூக் ஆஃப் த நார்த்’. கனடாவின் வடகோடியில் பனியோடு வாழும் இனுயிட் குடும்பம் ஒன்றின் கதை. அதில் குடும்பமே பனிவீட்டுக்குள் தூங்கி எழும் காட்சி வரும். அன்றைய கேமராவுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். உண்மையான பனிவீட்டுக்குள் அது கிடையாது. அதனால் ஒரு பக்கம் திறந்த, வழக்கத்தைவிடப் பெரிய பனிவீடு ஒன்றைக் கட்டினார்கள். அந்தத் திறப்பில் கேமரா நின்றது. குளிர் அடிக்க அடிக்க அவர்கள் தூங்குவதுபோல் படுத்தார்கள்.

“அப்படியானால் இது ஏமாற்று வேலைதானே?” என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். நான் திரும்பக் கேட்பது: அந்த வீட்டைக் கட்டியது யார்? தங்கள் வாழ்க்கையைக் காட்டுவதற்காக அந்த மக்களே கட்டினார்கள். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் காட்சியின் கனமே மாறிவிடும். ஃபிளாஹர்ட்டியின் அடுத்த படமான ‘மோவானா’வைப் பற்றி 1926இல் எழுதும்போதுதான் விமர்சகர் ஜான் கிரியர்சன் ‘டாக்குமெண்டரி’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். நடப்பைக் கலையாக்குவதுதான் இந்த வகைப் படம் என்று பிறகு விளக்கமும் தந்தார். நடப்பு, கலை இரண்டும் அதில் இருப்பதைக் கவனியுங்கள்.

ஆகவே ஒரு ஷாட் வந்ததும், கேமரா எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அமுதன் ஆர்.பி. 2003இல் எடுத்த ‘பீ’ மதுரையில் ஒரு தெருவில் மலம் அள்ளும் பெண் துப்புரவுப் பணியாளரின் வேலையைக் காட்டுகிறது. கேமரா தூரத்தில் நின்று பரிதாபப்படுவதில்லை. அவர் கூடவே நடக்கிறது. அந்தத் தெருவின் நாற்றம் படம் எடுத்தவரையும் தாக்கியிருக்கும் என்பது நமக்குப் புரிகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் விலகிப்போகும் தூரத்தை அந்தப் படம் இல்லாமல் செய்துவிடுகிறது.

2. யார் பேசுகிறார்கள்?

நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ஒரு குரல் நினைவிருக்கும். தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் வரும் நியூஸ்ரீலில், அணை, வயல், தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் மேலே ஒலிக்கும் கம்பீரமான ஆண் குரல். 1948இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் நாடெங்கும் அதைக் கொண்டு சேர்த்தது. திரையில் இருந்த விவசாயி வாயசைப்பார், குரல் கேட்காது.

இதற்குக் கருவியும் ஒரு காரணம். வெளியிடத்தில் படத்தையும் ஒலியையும் சேர்த்துப் பதிவு செய்வது அந்தக் காலத்தில் பெரும்பாடு. தோளில் தூக்கும் 16 எம்.எம். கேமராவும், கூடவே எடுத்துப்போகும் ஒலிப்பதிவுக் கருவியும் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1960இல் ராபர்ட் ட்ரூ குழுவினர் எடுத்த ‘பிரைமரி’யில், தேர்தல் பிரசாரத்தில் இருக்கும் கென்னடி கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்குப் போக, கேமரா அவர் முதுகுக்குப் பின்னாலேயே போகும். விளக்கம் சொல்ல யாரும் வேண்டியதில்லை. நெரிசலே பேசுகிறது.

இப்போது ஓ.டி.டி.யில் பார்க்கும் படத்துக்கும் இதே கேள்வியைப் போடுங்கள். 2023இல் ஆஸ்கர் வாங்கிய கார்த்திகி கொன்சால்வஸின் ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ படத்தில் முதுமலை தெப்பக்காட்டு யானைகள் முகாமின் கதையை, அங்கே யானைக்குட்டியை வளர்க்கும் பொம்மனும் பெள்ளியும் தங்கள் குரலிலேயே சொல்கிறார்கள். அதே காட்சிகளுக்கு மேல் வெளியாள் ஒருவரின் வாய்ஸ் ஓவர் இருப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். யானைக்குட்டி அப்படியே இருக்கும். கதை மட்டும் அவர்கள் கையைவிட்டுப் போய்விடும்.

3. வெட்டியது எவ்வளவு?

இந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே பெரிய பாடம் இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார், 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் இருந்தார். அன்று காந்தியின் பிறந்தநாள். காந்தியைப் பற்றிப் படம் எடுத்தால் என்ன என்று அங்கே தோன்றிய எண்ணம், அவரைக் கண்டம் கண்டமாக அலைய வைத்தது. 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 100 பேர் எடுத்திருந்த 50,000 அடி ஃபிலிமைத் தேடிச் சேர்த்தார். அதிலிருந்து 12,000 அடிப் படத்தை உருவாக்கி 1940இல் சென்னையில் வெளியிட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பேசும்படத்தில் 35 எம்.எம். ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 50,000 அடி என்றால் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். படமாக வந்தது இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நான்கில் மூன்று பங்கு வெளியே போயிருக்கிறது. யார் யாரோ எங்கெங்கோ வெவ்வேறு நோக்கத்தோடு எடுத்த துண்டுகளை ஒரே மனிதரின் வாழ்க்கையாகக் கோத்தது எடிட்டிங் மேசை. எந்த ஆவணப்படம் பார்த்தாலும், இரண்டு ஷாட் ஒட்டும் இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இவை பக்கத்தில் பக்கத்தில் வந்ததால் எனக்குப் புதிதாக என்ன தோன்றியது? அந்த எண்ணம்தான் எடிட்டர் உங்களுக்குத் தந்தது.

4. எடுத்தவர் என்ன வேலை பார்க்கிறார்?

படம் எப்படிப் பேசுகிறது என்பதை வைத்து ஆவணப்பட ஆய்வாளர் பில் நிக்கோல்ஸ் பிரித்த ஆறு வகைகளைப் பல்கலைக்கழகங்களில் சொல்லித் தருகிறார்கள். தேர்வுக்கு அது வேண்டும். ரசிப்பதற்கு எனக்குப் பிடித்தது எரிக் பர்னோவின் வழி. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், இயக்குநர் கே. சுப்ரமணியத்தின் மகன் எஸ். கிருஷ்ணசுவாமியோடு சேர்ந்து 1963இல் இந்திய சினிமா வரலாற்றை எழுதியவர். ஆவணப்பட வரலாற்றை எழுதியபோது, படம் எடுப்பவர்களை அவர்கள் பார்க்கும் வேலையை வைத்தே அடுக்கினார். தேடிப் போகிறவர், செய்தியாளர், ஓவியர், வக்கீல், குற்றம் சாட்டுபவர், கவிஞர், வரலாற்றைக் கோப்பவர், கவனிப்பவர், கெரில்லா என்று அந்த வரிசை நீளும்.

இதை வைத்து நம் படங்களைப் பாருங்கள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் போன ஊர்வலத்தில், போலீஸ் தடியடிக்குப் பிறகு தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ அந்த நிகழ்வை வைத்துக் குற்றம் சாட்டுகிறது. திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) மலம் அள்ளும் தொழிலாளர்களுக்காக வாதாடுகிறது. கிருஷ்ணசுவாமியே எடுத்த ‘இண்டஸ் வேலி டு இந்திரா காந்தி’ வரலாற்றைக் கோக்கிறது. வக்கீலிடம் நடுநிலை எதிர்பார்க்கக் கூடாது. சாட்சியம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கவிஞரிடம் புள்ளிவிவரம் கேட்கக் கூடாது. வேலை தெரிந்துவிட்டால் எதைக் கேட்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

5. எடுக்கப்பட்டவர் என்ன நினைக்கிறார்?

ஆனந்த் பட்வர்தனின் ‘பம்பாய் அவர் சிட்டி’ (1985), குடிசைகள் இடிக்கப்பட்ட மக்களைப் பற்றியது. அதில் வீடிழந்த ஒரு பெண் படக்குழுவையே திட்டுவார். ஏழைகளைப் படம் பிடித்து நீங்கள் பேர் வாங்குவீர்கள், எங்களுக்கு என்ன கிடைக்கும் என்கிற ஆத்திரம். தன் மேல் விழுந்த அந்த அடியை பட்வர்தன் வெட்டி எறியாமல் படத்திலேயே வைத்தார். எனக்குத் தெரிந்து ஒரு படைப்பாளி காட்டக்கூடிய நேர்மைகளில் அது மிகப் பெரியது. அந்தக் காட்சி முடிந்ததும் வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசமாட்டார்கள்.

எங்கே, எப்படிப் பார்க்கலாம்?

முடிந்தவரை கூட்டத்தோடு பாருங்கள். அமுதனின் ‘மறுபக்கம்’ அமைப்பு 1998 முதல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழா நடத்தி வருகிறது, சென்னையிலும் நடத்துகிறது. நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனிலும் ஆவணப்படங்கள் திரையிடப்படுவது உண்டு. படம் முடிந்ததும் எழுந்து ஓடிவிடாதீர்கள். இயக்குநர் வந்திருந்தால், “அவங்க இந்தப் படத்தைப் பார்த்தாங்களா? என்ன சொன்னாங்க?” என்று கேளுங்கள்.

வீட்டில் பார்ப்பதானால், பிடித்த பத்து நிமிடத்தை மறுபடி ஓடவிடுங்கள். முதல் தடவை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இந்தச் சின்னப் பயிற்சி தருவதை எந்தப் பாடப் புத்தகமும் தராது.

சுண்டல் வண்டியை எடுத்த அந்தப் பையன் அடுத்த வாரம் ஏரிக்கரைக்குத் தானாகவே மறுபடி போனான். போனை வெளியே எடுக்கவில்லை. சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். நான்காவது தடவைதான், “அண்ணே, உங்களைத்தான் எடுக்கணும், எடுக்கட்டுமா?” என்று கேட்டிருக்கிறான். அந்தப் படத்தில் அண்ணன் கேமராவைப் பார்ப்பதே இல்லை. 2015 வெள்ளத்தில் தன் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று இடுப்பில் கைவைத்துக் காட்டுகிறார். பின்னால் ஏரி தெரிகிறது. நடுக்கம் இல்லை.