மறந்துபோவதற்கான நீளம்

'போரும் வாழ்வும்' நாவலை மூன்றாவது முயற்சியில்தான் முடித்தேன். முதல் முறை அன்னா பாவ்லோவ்னாவின் விருந்தையே தாண்டவில்லை. 1805 ஜூலை, பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு வரவேற்பறை. உள்ளே வருகிற ஆளுக்கு ஆள் மூன்று பெயர். பேச்சில் பாதி பிரெஞ்சு. இரண்டாவது முறை ஓநாய் வேட்டை வரைக்கும் போய் நின்றுவிட்டேன். மூன்றாவது முறை மார்ச்சில் தொடங்கி செப்டம்பரில் முடித்தேன். முடித்த அன்று நண்பனிடம் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி: "ஓ, முடிச்சிட்டியா? மொத்தம் எத்தனை பக்கம்?"

நெடுநாவல்களைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் இந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. முடித்தவர் தடித்த புத்தகத்தைப் படம் எடுத்துப் போடுகிறார். முடிக்காதவர் எப்போதாவது அலமாரியைப் பார்த்துக் குற்ற உணர்ச்சி கொள்கிறார். அந்த நீளம் நாவலுக்குள் என்ன வேலை செய்கிறது என்று இரண்டு பேருமே கேட்பதில்லை. அவ்வளவு பக்கம் இல்லாமல் நடக்கவே முடியாத ஏதாவது உள்ளே நடக்கிறதா? நடக்கவில்லை என்றால் அது நெடுநாவல் இல்லை, யாரும் உட்கார்ந்து குறைக்காத நாவல். அப்படிப்பட்டவை நம்மிடம் நிறையவே இருக்கின்றன.

எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது ஒரு காட்சியில். கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இந்த நாவலைப் பொறுத்தவரை கதை தெரிந்துபோவதால் பெரிய நட்டம் இல்லை.

அந்திரேய் பல்கோன்ஸ்கிக்கு நிச்சயிக்கப்பட்டவள் நத்தாஷா. அவன் ஊரில் இல்லாத நேரத்தில் அனதோல் குராகின் என்ற அழகன் அவள் மனத்தைக் கலைக்கிறான். ஏற்கெனவே ரகசியமாகத் திருமணம் ஆனவன் அவன். அவளைக் கூட்டிக்கொண்டு ஓடத் திட்டம் போட்டு, கடைசி நேரத்தில் அது முறிகிறது. நிச்சயம் கலைகிறது. அந்திரேய் அவனைத் தேடிப் போகிறான், துப்பாக்கிச் சண்டைக்கு அழைக்க. பீட்டர்ஸ்பர்க்கில் தேடுகிறான், துருக்கி எல்லையிலிருக்கும் படைக்குப் போய்ப் பார்க்கிறான். அகப்படவில்லை. வாசகனாக எனக்கும் அனதோலை அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நெப்போலியன் எல்லையைக் கடக்கிறான். ஸ்மொலென்ஸ்க் எரிகிறது. அந்திரேயின் தந்தை சாகிறார். பண்ணை விவசாயிகள் முரண்டு பிடிக்கிறார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்கள். நான் இரண்டு மாதமாக ரயிலில் போகும்போதும் தூங்குவதற்கு முன்பும் இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு திருமணம், ஒரு காய்ச்சல், அலுவலகத்தில் ஒரு தணிக்கை. அனதோல் நினைவிலேயே இல்லை.

பொரோதினோ போரில் அந்திரேய்க்கு வயிற்றில் காயம். சிகிச்சைக் கூடாரத்தில் கிடத்தியிருக்கிறார்கள். பக்கத்து மேசையில் பருமனான ஒருவனுக்குக் காலை வெட்டி எடுக்கிறார்கள். அவன் அந்தக் காலைக் காட்டச் சொல்லிக் கேட்டு அழுகிறான். அந்திரேய்க்கு அந்த முகம் தெரிகிறது. அனதோல்தான். ஆனால் இந்த ஆளுக்கும் தனக்கும் என்ன தொடர்பு என்பது அவனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. ஏதோ நெருக்கமாக, வலியோடு கட்டுண்டவன் என்று மட்டும் தெரிகிறது. முதலில் நினைவுக்கு வருவது 1810-இல் நடன விருந்தில் பார்த்த நத்தாஷா. அதன் பிறகுதான் மற்றது எல்லாம். அப்போது அவனிடம் பகை இல்லை, அழுகைதான் இருக்கிறது.

இந்த இடத்தைப் படித்துவிட்டு இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன். அந்திரேய் நினைவுபடுத்திக்கொண்ட அதே சில வரிகளில்தான் நானும் நினைவுபடுத்திக்கொண்டேன். அவன் மறந்திருந்தது போலவே நானும் மறந்திருந்தேன். மன்னிப்பைப் பற்றி எழுத்தாளர் எனக்கு எதுவும் விளக்கவில்லை. பகையை நான் எங்கோ வழியில் தொலைத்துவிட்டேன் என்பதைக் காட்டினார். ஒரு சிறுகதையில் இதைச் செய்ய முடியாது. 'ஆண்டுகள் ஓடின' என்று எழுதலாம், பாத்திரம் மறந்துவிட்டது என்று சொல்லலாம். வாசகனை மறக்கவைக்க முடியாது. அதற்குப் பக்கங்கள் வேண்டும்.

அதனால்தான், பாத்திரப் பட்டியல் ஒன்றை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிற அறிவுரை எனக்கு ஒத்துவரவில்லை. எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு படிப்பது தேர்வுக்குப் படிப்பது. பெயர்க் குழப்பம் என்பதும் நமக்குப் புதிதா என்ன? ஐசியில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர், சொந்தக்காரர்களுக்கு 'சின்னவன்', கூட்டாளிகளுக்கு வேறொன்று. ஒரே ஆளுக்கு நாலு பெயர் இருந்தும் கல்யாண வீட்டில் யாரையும் நாம் தவறவிடுவதில்லை. யார் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்பதை வைத்தே நெருக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவோம். ரஷ்யப் பெயர்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஐம்பது பக்கம் பொறுத்தால் போதும்.

உண்மையான தடை அலுப்பு. என்னை இரண்டாவது முறை நிறுத்திய அந்த வேட்டையையே எடுத்துக்கொள்ளலாம். ரோஸ்தோவ் குடும்பம் நாய்களோடு கிளம்புகிறது. ஓநாய், பிறகு நரி, பிறகு முயல். எந்த நாய் யாருடையது என்பதுவரை விவரம். மாலையில் தூரத்து உறவினர் ஒருவரின் வீட்டில் சாப்பாடு, கிதார், நத்தாஷாவின் நாட்டுப்புற ஆட்டம். கதை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. "இதை யாராவது வெட்டியிருக்கக் கூடாதா" என்று அன்று நினைத்தேன். மூன்றாவது முறை படித்தபோதும் வேட்டை கொஞ்சம் நீளமாகத்தான் பட்டது. ஆனால் அந்தக் குடும்பத்தின் சொத்து கரைந்து, மாஸ்கோ வீடு போய், கடைக்குட்டி பெத்யாவும் போரில் செத்த பிறகு, நான் திரும்பிப் பார்த்த நாள் அந்த வேட்டை நாள்தான். ஒன்றுமே நடக்காத நாள். நம் வீடுகளிலும் பெரியவர்கள் போன பிறகு நாம் நினைத்துக்கொள்வது இப்படி ஏதோ ஒரு சாதாரணச் சனிக்கிழமையைத்தானே? அதைச் சுருக்கி எழுதியிருந்தால் அது 'முக்கியமான காட்சி' ஆகியிருக்கும். முக்கியமில்லாததாகக் கடந்துபோனதால்தான் அது பிறகு வலிக்கிறது.

பெத்யாவின் சாவுக்கும் இதே கணக்குதான். சாவதற்கு முந்தைய இரவு அந்தப் பையன் படைவீரர்களுக்கு உலர்ந்த திராட்சையை எடுத்து நீட்டுகிறான். காலையில் அவன் விழுந்து கிடக்க, தெனிசோவுக்கு அந்தத் திராட்சை நினைவுக்கு வருகிறது. அவனிடமிருந்து நாய் ஊளையிடுவது போன்ற ஒரு சத்தம். இந்தத் தெனிசோவ் ஒரு காலத்தில் ரோஸ்தோவ் வீட்டில் விருந்தாளியாக இருந்தவன், நத்தாஷாவைப் பெண் கேட்டு மறுக்கப்பட்டவன். அப்போது பெத்யா சின்னப் பையன். நாவல் இதை அந்த இடத்தில் நினைவூட்டுவதில்லை. தொடர்ந்து வந்தவனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நம் வாசகர்களில் பலருக்கு முதல் நெடுநாவல் 'பொன்னியின் செல்வன்'. எனக்கும்தான். ஐந்து பாகத்தையும் பள்ளி விடுமுறையில் இரண்டு வாரத்தில் முடித்தேன். 'நான் பெரிய நாவல்களைப் படிக்கக்கூடியவன்' என்ற தெம்போடு டால்ஸ்டாயிடம் போனதுதான் தவறு. கல்கியின் நாவல் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரத்துக்கு ஒரு கொக்கியைப் போட்டுவிட்டுப் போகும். நேரம் போவது தெரியாமல் இருப்பதுதான் அதன் இன்பம். கதையும் சில மாதங்களுக்குள் நடந்து முடிகிறது, வந்தியத்தேவனுக்கு வயதாவதில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அது வேறு வகை நீளம். டால்ஸ்டாயின் நாவலிலும் தொடக்கப் பகுதிகள் இதழில் வந்தவைதான், ஆனால் அவருக்குக் கொக்கி போடுவதில் ஆர்வமே இல்லை. நேரம் போவது தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறார். 1805-இல் தொடங்கி 1820-இல் முடிகிற கதையில் எல்லோருக்கும் வயதாகிறது.

நத்தாஷாவுக்கு ஆவதைத்தான் பலரால் பொறுக்க முடிவதில்லை. பதின்மூன்று வயதில் பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள், முதல் பின்னுரையில் உடல் பருத்து, நாலு பிள்ளைகளுக்குத் தாயாக, குழந்தையின் துணியில் பச்சைக் கறை போய் மஞ்சள் கறை வந்திருப்பதை மகிழ்ச்சியோடு எல்லோருக்கும் காட்டுகிறாள். பெண்களைப் பற்றி டால்ஸ்டாய்க்கு இருந்த குறுகல் இதில் இருக்கிறது, மழுப்ப வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கு வந்த கோபம், பள்ளியில் பாடிக்கொண்டிருந்த தோழியைப் பல ஆண்டு கழித்துப் பார்க்கும்போது வருகிற கோபம். நாவல் பாத்திரத்தின் மேல் அப்படி ஒரு கோபம் வருவதற்கு அவளோடு எவ்வளவு நாள் இருந்திருக்க வேண்டும்! நல்ல தழுவல்கள் இருக்கின்றன; பொந்தார்ச்சுக்கின் ஏழு மணி நேரத் திரைப்படத்தை நானே விரும்பிப் பார்த்தேன். இந்தக் கோபம் அதில் கிடைக்கவில்லை.

இதே வாசிப்புக் காலம்தான் 'வெண்முரசு' படித்தவர்களிடமும் வேலை செய்திருக்க வேண்டும். 2014 முதல் 2020 வரை நாள்தோறும் ஓர் அத்தியாயம், 26 நாவல்கள். கூடவே படித்து வந்தவர்கள் பேசும்போது, எந்தப் பகுதி வந்தபோது தாங்கள் எந்த வேலையில் இருந்தோம், எந்தப் பிள்ளை பிறந்தது என்று சேர்த்துத்தான் சொல்கிறார்கள். இப்போது புத்தகமாக ஒரே மூச்சில் படிக்கிறவருக்கு அது வேறு நூல் என்றே நினைக்கிறேன்.

எல்லாப் பக்கத்தையும் நான் காப்பாற்ற வரவில்லை. வரலாற்றை யார் இயக்குகிறார்கள் என்று டால்ஸ்டாய் திரும்பத் திரும்ப வாதிடும் இடங்கள், முக்கியமாக இரண்டாம் பின்னுரை, எனக்குக் கல்லை மெல்லுவது போலத்தான் இருந்தது. அவருக்கே சந்தேகம் வந்திருக்கிறது. 1873 பதிப்பில் அந்தப் பகுதிகளைப் பிரித்துப் பின்னிணைப்பில் போட்டார், பிரெஞ்சையும் ரஷ்ய மொழிக்கு மாற்றினார். பின்னால் வந்த பதிப்புகளில் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பின. அந்தத் தத்துவப் பக்கங்களை ஒருமுறை படித்தேன், இன்னொரு முறை படிக்கப் போவதில்லை. டி.எஸ்.சொக்கலிங்கத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் தொடங்குகிறவர்கள் அந்த இடம் வந்ததும் தாராளமாகப் புரட்டிக்கொள்ளலாம். வேட்டையை மட்டும் புரட்ட வேண்டாம்.

கதை என்ற அளவில் நாவல் முடிவது இரண்டாம் பின்னுரைக்கு முன்பே, ஒரு பையனின் கனவில். வேர்த்து விழித்துக்கொண்டு, தனக்கு நினைவில் இல்லாத தந்தையைப் போல நினைத்து நெகிழ்கிறான் என்று வாசிக்கும்போது, யார் இந்தப் பையன் என்று ஒரு நொடி தடுமாறினேன். அந்திரேயின் மகன் நிக்கோலென்கா. தாய் பிரசவத்திலேயே இறந்துபோன அந்த இரவில் பிறந்தவன். இப்போது பதினைந்து வயது. அவன் பிறந்த அத்தியாயத்தை நான் படித்தது மே மாதத்தில், மழைக்காக ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றபடி.