முத்திரை கற்கும் முறை

சிவபூசையிலே நாவின் தொழில் மந்திரம். கையின் தொழில் கிரியை. மனத்தின் தொழில் பாவனை. இம்மூன்றும் ஒருங்கு கூடியவழியே பூசை நிரம்புவதாகும் என்பது சிவாகமங்களின் வழிவந்த ஆசாரியர்கள் வலியுறுத்தும் முறை. இவற்றுள் கையின் தொழிலாகிய முத்திரையைக் கற்பிக்கின்றோம் என்று வெளிவரும் படநூல்கள் இக்காலத்துப் பலவாம். கைபேசித் திரையிலே காணொளியாக வருவனவும் அளவில. இவற்றைக் கண்டு முத்திரை பயிலப் புகும் அன்பர்களின் ஆர்வம் போற்றத்தக்கதே. ஆயினும் அந்நூல்கள் மேற்கொண்ட முறை சைவ நன்மரபுக்கு ஒத்ததா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

அந்நூல்களிற் பெரும்பாலன முத்திரைகளை நிகண்டுச் சொற்கள்போல வரிசையிட்டு, ஒவ்வொன்றற்கும் ஒரு படமும் ஒரு பெயரும் ஒரு பயனும் கொடுத்துச் செல்கின்றன. மந்திரம் விடப்படும், அன்றேல் ஈற்றிலே தனியே தொகுக்கப்படும். எந்த முத்திரையின்பின் எது வரும், அஃது ஏன் வரும் என்பன சொல்லப்படுவதில்லை. நிகண்டு முழுவதையும் உருப்போட்ட அளவில் ஒருவன் செய்யுள் இயற்ற வல்லனாகான். முத்திரை கையாற் பேசும் மொழியாதலின் அதற்குச் சொல்லும் உண்டு; தொடரும் உண்டு. தொடரைக் கைவிட்டுச் சொல்லை மட்டும் கற்பித்தலே இந்நூல்களின் முதற்குறை என்க.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குதும் எனின், இலிங்கத்திலே சிவபெருமானை எழுந்தருளச் செய்யும் இடத்தை நோக்குக. அங்கே ஆவாகனம், தாபனம், சந்நிதானம், சந்நிரோதனம், அவகுண்டனம் என்னும் ஐந்து செயல்கள் முறையே நிகழும். பத்ததிகளிடையே சிறு வேறுபாடுகள் உளவேனும், பெருவழக்காவது இது: ஆவாகனத்தில் இருகைகளும் மேல்நோக்கிக் கூடி மலரேந்தும் அஞ்சலியாக நிற்க, பெருவிரல்கள் அணிவிரல்களின் அடியைத் தொடும். அக்கைகளே கீழ்நோக்கிக் கவியின் தாபன முத்திரையாம். பின்னர் விரல்கள் மடங்கி, இருகையும் முட்டியாகச் சேர்ந்து, பெருவிரல்கள் நிமிர்ந்து நிற்பின் சந்நிதானமாம். நிமிர்ந்த பெருவிரல்கள் முட்டியின் உள்ளே புகின் சந்நிரோதனமாம். முட்டியினின்று சுட்டுவிரல்கள் நீண்டு கீழ்நோக்கிச் சுழலின் அவகுண்டனமாம். இவற்றைத் தனித்தனிப் படமாகக் காண்பவன் ஐந்து வடிவங்களை மனப்பாடம் செய்ய இடர்ப்படுவான். வரிசையிற் பயில்பவனோ, ஒன்றினின்று மற்றொன்று தானே பிறத்தலைக் கையாலேயே உணர்வான். ஏந்திய கை கவிகின்றது, கவிந்த கை குவிகின்றது, குவிந்தது உள்ளடங்குகின்றது.

வடிவத்தில் உள்ள இத்தொடர்ச்சி பொருளிலும் உண்டு. எங்கும் நிறைந்த முதல்வனுக்கு வரவும் போக்கும் இல்லை. அற்றேல் ஆவாகனத்தால் வருவது யாது என்று வினவுவார் உளர். 11ஆம் நூற்றாண்டினதாகிய சோமசம்பு பத்ததி இச்செயல்கள் ஒவ்வொன்றன் பொருளையும் வரையறுத்து இவ்வையத்தை நீக்குகின்றது. அதன் கருத்துப்படி, முதல்வனை அன்போடு தனக்கு முகமாகப் பெறுதல் ஆவாகனம். பத்தியால் நிலைபெறுத்தல் தாபனம். தான் அவனுக்கு உரியவன் என்னும் ஆண்டான் அடிமைத் தொடர்பினைப் புலப்படுத்தல் சந்நிதானம். பூசை முடியுங்காறும் அத்திருமுன்னிலை நீங்காது நிற்க வேண்டுதல் சந்நிரோதனம். அன்பரல்லாதார்க்கு அதனை மறைத்தல் அவகுண்டனம். பசுவின் உடலெங்கும் பரந்துள்ள பால் மடியின்வழியே சுரத்தல்போல, எங்குமுள்ள அருள் ஓரிடத்தே வழிபடுவோனுக்கு வெளிப்படுகின்றது. இவற்றின்பின் அமுதமாக்கற்பொருட்டுக் காட்டப்பெறும் தேனு முத்திரையில், ஒருகைச் சுட்டுவிரல் மறுகை நடுவிரலோடும், ஒருகை அணிவிரல் மறுகைச் சிறுவிரலோடும் நுனிசேர்ந்து, பசுவின் நான்கு முலைக்காம்புகளாக அமைதலும் இக்கருத்துக்கு இயைபுடையதேயாம்.

ஆகவே முத்திரையால் மாறுபடுவது சிவனது நிலை அன்று; பூசிப்பவனது நிலையே மாறுகின்றது. கையை விரித்துக் கவித்த ஒருவன், தான் அடிமை என்னும் நினைவின்றி முட்டியை நிமிர்த்தின், அவன் சந்நிதானம் செய்தவன் ஆகான். விரலை மடக்கியவனே ஆவான். பொருளறியாத கைக்கு முத்திரை விரற்பயிற்சியளவாய் ஒழியும்.

இனி, அந்நூல்கள் கூறும் பயனை நோக்குவோம் எனின், அங்கே இரண்டாவது குறை வெளிப்படும். பெருவிரல் தீ, சுட்டுவிரல் காற்று, நடுவிரல் ஆகாயம், அணிவிரல் நிலம், சிறுவிரல் நீர் என ஐம்பூதங்களை ஐவிரல்களிற் பகுத்து, இன்ன விரலோடு இன்ன விரலைச் சேர்ப்பின் இன்ன நோய் தீரும் என்று அவை எழுதுகின்றன. இப்பகுப்பே ஆகமத்தின் பகுப்பு என்று நம்பி மயங்குவார் பலர். சைவ பத்ததிகளின் நெறி வேறு. கைகளை அத்திர மந்திரத்தால் தூய்மை செய்தபின், பெருவிரல் முதலாகச் சிறுவிரல் ஈறாக ஈசானம், தற்புருடம், அகோரம், வாமதேவம், சத்தியோசாதம் என்னும் பஞ்சப்பிரம மந்திரங்களைப் பதித்தல் கரநியாசம். இவற்றுள் ஈசானம் ஆகாயத்துக்கும், தற்புருடம் காற்றுக்கும், அகோரம் தீக்கும், வாமதேவம் நீருக்கும், சத்தியோசாதம் நிலத்துக்கும் உரியன. எனவே இவ்வடைவில் பெருவிரல் ஆகாயமும் நடுவிரல் தீயும் அணிவிரல் நீரும் சிறுவிரல் நிலமும் ஆம். இரு பகுப்பும் சுட்டுவிரல் ஒன்றிலன்றி வேறெதனிலும் ஒவ்வாமை காண்க.

அன்றியும், இம்மந்திரங்கள் ஐந்தும் ஐந்தொழிலுக்கும் உரியனவாம். சத்தியோசாதம் படைத்தல், வாமதேவம் காத்தல், அகோரம் அழித்தல், தற்புருடம் மறைத்தல், ஈசானம் அருளல். சிறுவிரலினின்று பெருவிரல் வரை எண்ணின் படைப்பிலிருந்து அருள் வரை உயிர் செல்லும் வழி முழுதும் ஒரு கையிலே அடங்கும். இத்துணைப் பெரும்பொருளை மூட்டுவலிக்கும் இருமலுக்கும் மருந்தாகச் சுருக்குதல் தகுமா என்பதை அறிவுடையோர் ஓர்க. நோயுற்றவன் மருத்துவனை நாடுதலே முறை. சிவமாக்கப்பெற்ற கை மருந்துப்பெட்டி அன்று.

மந்திரமும் முறையும் இன்றி முத்திரை மட்டும் கிடைப்பின் விளைவு யாதாகும் என்பதற்குப் பாலித்தீவின் வரலாறு தக்க சான்றாம். அத்தீவிலே இன்றும் சிவபூசை நிகழ்த்தும் பூசகர்கள் பெதண்டர் எனப்படுவர். சுவீடன் நாட்டு ஓவியராகிய டைரா டி கிளீன் அம்மையார் அங்குள்ள சிவபூசகர், புத்தபூசகர் ஆகியோரின் கைம்முத்திரைகளை வரைந்து, 1924இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அஃது அரிய பணி. விரல்களின் நெளிவு அவ்வோவியங்களில் உயிர்பெற்று விளங்கும். எனினும் அந்நூலைப் புரட்டுபவர்க்கு அக்கை என்ன கேட்கின்றது, எதனை அளிக்கின்றது என்பன விளங்குதல் அரிது. 1933இல் பிரெஞ்சு அறிஞர் சில்வேன் இலெவி பாலியின் வடமொழி மந்திரங்களையும் துதிகளையும் பரோடாவில் பதிப்பித்தார். அங்கே சொல் உண்டு; கை இல்லை. ஒல்லாந்து அறிஞர் ஹூய்காஸ் சிவபூசகரின் நாள்வழிபாடாகிய சூரிய சேவனத்தைக் கிரியைமுறையும் மந்திரமும் ஒருங்கமைய 1966இல் நூலாக்கிய பின்னரே, கற்பார்க்கு அப்பூசை ஒரு முழுப்பொருளாய்த் தோன்றியது. படத்துக்கும் முறைக்கும் இடையே 42 ஆண்டுகள் கழிந்தன. அயல்நாட்டறிஞர்க்கு அவ்வொழுங்கின்றி வேறு வழி இல்லை. பூசை தன் ஊரிலே, தன் ஆசாரியரிடத்தே உயிரோடிருக்க, அதனைத் துண்டு துண்டாக்கிக் கற்கும் சைவர்க்கு என்ன அமைதி கூறுவது?

குறை படநூலாரிடத்து மட்டும் உளது என்று கூறுதலும் நடுவுநிலை ஆகாது. வழிவழியாகக் கிரியை பயின்றோருள்ளும், ஆவாகனம் முதலாய ஐந்தனையும் ஒரே கையசைவில் முடித்துப் போவார் உளர். மந்திரம் ஒருபால் விரைய, கை ஒருபால் விரைய, கண் வாயிலை நோக்கும். அவர் கற்றது குருவினிடத்தே, மரபில் ஐயமில்லை, ஆயினும் பாவனை நீங்கியது. பிறர் காணாவாறு மேலாடையின் மறைவிலே முத்திரை செய்தல் பண்டை வழக்கு. அம்மறைவு செய்யாமையை மறைக்கும் திரையாயின், வழக்கு நின்றும் பயனில்லை. படநூலான் கையைக் காட்டிப் பொருளை மறந்தான். இவர் பொருள் கேட்டும் கையைச் சுருக்கினார். இருதிறத்தார்க்கும் வேண்டுவது ஒன்றே.

அற்றேல், கண்ணப்ப நாயனார் எம்முத்திரையை அறிந்திருந்தார்? சாக்கிய நாயனார் கல்லெறிந்தன்றோ வழிபட்டார்? பூசலார் மனத்திலே கோயில் எடுத்தனரன்றோ? அன்பிருக்கக் கைத்தொழில் எற்றுக்கு என்பாரும் உளர். இத்தடை வலியதே, எளிதில் ஒதுக்கற்பாலதன்று. ஆயினும் பெரியபுராணத்தின் அவ்விடத்தை முழுதும் நோக்குக. காளத்தியில் ஆகமநெறி பிழையாது பூசித்த சிவகோசரியாரையும் இறைவன் தள்ளினானல்லன். கனவில் தோன்றி உணர்த்தி, கண்ணப்பரது அன்பினைக் காணுமாறு நிறுத்தினான். அவர் பூசை வேண்டா என்றற்கு அன்று. அப்பூசை எதனிற் சென்று முடிதல் வேண்டும் என்று காட்டுதற்கே என்க. கண்ணப்பரும் இறைவன் திருக்கண் உள்ள இடத்தை அறியத் தம் காலை ஊன்றினார். பத்ததியிற் சொல்லப்பட்ட குறி அன்று அது. அன்பு முதிர்ந்த உடல் தானே கண்ட குறி. அம்முதிர்ச்சி வாய்த்தவர்க்குக் கற்பிக்க வேண்டுவது யாதும் இல்லை. வாயாதவர்க்கு, நெஞ்சு போகாத இடத்துக்குக் கை முன்னே சென்று வழிகாட்டும். தனக்கு அம்முதிர்ச்சி வாய்த்தது என்று தானே துணிந்து முறையை விடுவோன் கண்ணப்பரைப் பின்பற்றுவோன் ஆகான்.

மந்திரம், முத்திரை, பாவனை மூன்றும் கூடியவழி நிகழ்வது யாது என்பதற்குச் சித்தாந்த நூல்கள் கருட பாவனையை உவமை கூறும். காருட மந்திரம் வல்லோன் மந்திரத்தை உன்னித் தன்னைக் கருடனாகப் பாவிக்க, தீண்டியவனது நஞ்சு நீங்கும். அவன் கருடனே ஆய்விடுதலும் இல்லை, பாவனை பொய்யாதலும் இல்லை. நியாசத்தால் உடலைச் சிவமயமாக்கிச் சிவமாய் நின்று சிவனைப் பூசித்தலும் அத்தன்மைத்து. படத்தைக் கண்டு கையசைப்போனிடத்து அவ்வுவமையின் ஓருறுப்பே உளது, ஏனைய இல்லை.

இனிக் கற்கும் ஒழுங்கு யாதெனின் கூறுதும். முதற்கண் எல்லார்க்கும் உரியன உள. ஆறுமுக நாவலர் (1822–1879) தம் சைவ வினாவிடையுள், வடக்கு அல்லது கிழக்கு நோக்கி நின்று, நிலத்திற் சிந்தாதபடி, சுட்டுவிரல், நடுவிரல், அணிவிரல் என்னும் மூன்றாலும் திருநீறு தரிக்கும் முறையையும், ஆடவர்க்கு அட்டாங்கமும் மகளிர்க்குப் பஞ்சாங்கமும் ஆகிய வணக்கத்தையும் சிறுவர்க்கும் விளங்க உரைத்தார். சைவர் கற்கும் முதல் முத்திரைகள் இவையே. நாளும் செய்வனவாகிய இவற்றைச் சிந்தையோடு செய்யாதவன் மகாமுத்திரையை நாடுதல், நெடுங்கணக்கை விட்டுக் காப்பியத்தை விரும்புதலோடு ஒக்கும். அதன்பின் சமயதீக்கையும் அதற்குரிய அனுட்டானமும். அதன்பின் விசேடதீக்கை பெற்றுச் சிவபூசை எழுந்தருளப் பண்ணிக்கொள்ளல். பூசையிலும் முதலிற் பொருள் கேட்டல் வேண்டும். அடுத்து மந்திரம் செவிவழியாகப் பெறல் வேண்டும். அம்மந்திரத்தின் அளவே தன் அளவாகக் கை அமைதல் வேண்டும். மந்திரம் தொடங்கக் கை கூடி, மந்திரம் முடியக் கை நெகிழுமாயின், விரைவும் தாழ்வும் தாமே நீங்கும். முறைப்படி பூசையைத் தொடக்கம் முதல் ஈறுவரை கற்க. நடுவே ஒரு முத்திரையை மட்டும் எடுத்துப் பயிலற்க.

படமும் காணொளியும் முற்றும் விலக்கத்தக்கனவோ எனின், அன்று. ஆசாரியரிடத்தே கற்றவன் மறந்ததை நினைவுகூர அவை உதவும். அச்சுநூல் காட்டமாட்டாத அசைவைக் காணொளி காட்டும். எனினும் எதிரே தோன்றும் கையைப் பார்த்துச் செய்வோன் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் கொள்ளுதல் எளிது. திரை அதனைக் கண்டு திருத்தாது. ஆசாரியரோ மாணாக்கன் விரலைப் பற்றித் திருத்துவார்.

சோமசம்பு பத்ததியை எலேன் புருன்னர் அம்மையார் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு 1963 முதல் 1998 வரை நான்கு பகுதிகளாகப் புதுச்சேரியிலிருந்து வெளியிட்டார். அந்நகரிற் காக்கப்பெறும் சைவச் சுவடிகள் 2005இல் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பெற்றன. ஏடுகள் இங்ஙனம் அழியாது நிலைத்தமை சைவர்க்குப் பெரும்பேறே. ஆனால் 12ஆம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியர் தம் பத்ததியில் ஒரு முத்திரையைப் பெயரளவில் சுட்டிச் செல்லுமிடத்து, அதனைக் கண்டு பழகிய மாணாக்கன் அருகிருக்கின்றான் என்று கொண்டே எழுதுகின்றார். அம்மாணாக்கன் இல்லையேல் அப்பெயரின் பொருளை எவ்வேடும் தாராது. ஆதலால், கிரியை வல்ல பெரியோர் இன்றுள்ளபோதே, ஊர்தோறும் இரண்டொருவரேனும் அவர் பக்கலிலிருந்து முறையாகப் பொருளும் மந்திரமும் முத்திரையும் ஒருங்கே கற்றுக்கொள்ளுதல் சைவ நன்மக்களின் கடனாகும்.

திருச்சிற்றம்பலம்.