எந்தப் பெட்டியை எடுப்பது

சென்ற மாதம் நண்பர்கள் சிலர் கூடியிருந்தபோது பேச்சு புகைப்படத்தின் பக்கம் திரும்பியது. வெளியே கிளம்புமுன் எந்தக் காமிராவை எடுத்துக்கொள்வது என்பதிலேயே எனக்கு அரைமணி நேரம் போய்விடுகிறது என்று சொன்னேன். கவிஞர் ஒருவர் சிரித்தார். 'எந்தப் பேனாவால் எழுதுவது என்று நான் அரைமணி நேரம் யோசித்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள்?' என்றார். காமிரா ஒரு கருவி, பார்வைதான் கலைஞனுடையது, பார்வை உள்ளவனுக்கு டப்பா காமிராவும் போதும் என்பது அவர் கட்சி. கூட்டத்தில் பெரும்பாலோர் அவர் பக்கம்தான். அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

முதலில், பேனா உவமையே தவறு. பேனாவை மாற்றுவதால் வெண்பா ஆசிரியப்பா ஆகிவிடுவதில்லை. ஃபிலிம் காமிராவை மாற்றினால் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. காமிராவுக்கு ஒப்பாகச் சொல்ல வேண்டுமானால் யாப்பைச் சொல்லலாம். யாப்பை ஒருவன் எழுத உட்கார்ந்த பிறகும் மாற்றிக்கொள்ளலாம். காமிராவை வீட்டிலேயே தீர்மானித்தாக வேண்டும் என்பது ஒன்றுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம் சின்னதல்ல.

இயந்திரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். 35 மி.மீ. காமிரா கண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. எடுப்பவனின் முகத்தைப் பாதி மறைத்துவிடுகிறது. ஒரு சுருளில் 36 படங்கள். பென்டாக்ஸ் போன்றவற்றில் பொத்தானை அழுத்தும்போது உள்ளே கண்ணாடி மேலெழுந்து பார்வையை அடைத்துவிடும். எடுக்கப்பட்ட அந்தக் கணத்தை மட்டும் எடுத்தவன் பார்ப்பதில்லை. ரோலிஃபிளெக்ஸ், யாஷிகா போன்ற இரட்டை லென்ஸ் பெட்டிகள் வயிற்றுக்கு நேரே நிற்பவை. தலையைக் குனிந்து பார்க்க வேண்டும். தெரிகிற பிம்பம் இடம் வலமாக மாறியிருக்கும். 120 சுருளில் 12 சதுரங்கள், அவ்வளவுதான். எதிரே நிற்பவருக்கு எடுப்பவனின் முகம் மறைவதில்லை. அவன் நிமிர்ந்தால் அவரோடு பேசலாம். மூன்றாவது முக்காலியில் நிற்கும் பெரிய காமிரா. கறுப்புத் துணிக்குள் புகுந்தால் உலகம் தலைகீழாகத் தெரியும். ஃபிலிமைச் செருகிய பிறகு கண்ணாடியில் எதுவும் தெரியாது. ஆகவே படம் பதிகிற கணத்தில் புகைப்படக்காரன் காமிராவின் பக்கத்தில் நின்றுகொண்டு, எந்தக் கருவியும் இடையில் இல்லாமல், எதிரில் இருப்பவரை வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இவற்றை வசதி வித்தியாசங்கள் என்று கடைக்காரர் சொல்லலாம். எனக்கு இவை எதிரில் வரப்போகும் மனிதரோடு நான் என்ன உறவு கொள்ளப்போகிறேன் என்பதின் மூன்று விதங்களாகத் தோன்றுகின்றன. ஒளிந்துகொள்வது, குனிவது, காத்து நிற்பது. இதில் எது என்பது அந்த மனிதரைச் சந்திப்பதற்கு முன்னாலேயே, அலமாரி எதிரில், முடிவாகிவிடுகிறது.

இதை நிறுவ எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் வாக்கர் எவன்ஸ். 1936-ல் அவர் எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியுடன் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்குப் போய், ஹேல் கவுண்டியில் மூன்று வாரக் குடியானவக் குடும்பங்களைப் படம் எடுத்தார். அவரிடம் சிறிய காமிராவும் இருந்தது. ஆனாலும் நாம் இன்று நினைவில் வைத்திருக்கும் படங்கள் 8-க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய காமிராவில் எடுத்தவை. பலகைச் சுவரின் முன் நிற்கும் ஆலி மே பரோஸ் என்ற பெண்ணின் படத்தைப் பாருங்கள். உதடுகள் உள்ளிழுக்கப்பட்டு, நெற்றி லேசாகச் சுருங்கி, நேரே பார்க்கிறார். தான் பார்க்கப்படுவதை அவர் அறிவார். காமிராவை நிறுத்தி, துணிக்குள் போய், வெளியே வந்து, ஃபிலிமைச் செருகி முடிக்கும் வரை அவருக்கு அவகாசம் இருந்திருக்கிறது. அந்த அவகாசத்தில் அவர் தம் முகத்தை என்ன செய்வது என்று தீர்மானித்திருக்கிறார். அந்தப் படத்தில் பாதி அவர் செய்தது.

இரண்டே வருஷம். 1938-ல் அதே மனிதர் நியூயார்க் சுரங்க ரயிலில் உட்கார்ந்திருக்கிறார். மார்பில் 35 மி.மீ. கான்டாக்ஸ் காமிரா, பளபளக்கும் பாகங்களுக்குக் கறுப்பு பூசியாகிவிட்டது, கோட்டுப் பொத்தான்களுக்கு நடுவில் லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கிறது, ஷட்டரை இயக்கும் கேபிள் சட்டைக் கைக்குள் இறங்கியிருக்கிறது. வ்யூஃபைண்டரில் பார்க்க முடியாது. எதிர் இருக்கையில் இருப்பவருக்குத் தெரியாமல் எடுக்க வேண்டும். 1941 வரை இப்படி எடுத்தார். முகமூடி கழன்ற முகங்கள் அவை. யாரும் தம்மைப் பார்க்கவில்லை என்று நம்பும் மனிதர்கள். ஆலி மே பரோஸ் கொடுத்த எதையும் இவர்கள் கொடுக்கவில்லை, இவர்களிடமிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. படங்கள் மகத்தானவை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவை புத்தகமாக வந்தது 1966-ல். கால் நூற்றாண்டு. ஒரு காமிராவைத் தேர்ந்ததற்கு ஒரு மனிதர் கொடுத்த வட்டி என்று இந்தக் கால் நூற்றாண்டை நான் வாசிக்கிறேன்.

மூன்றாவது கட்டமும் உண்டு. எழுபதை நெருங்கும் வயதில், உடல் தளர்ந்த நிலையில், 1973-ல் எவன்ஸ் போலராய்டின் எஸ்.எக்ஸ்.-70 காமிராவைக் கையில் எடுத்தார். டார்க்ரூம் இல்லை, நெகட்டிவ் இல்லை. படம் அங்கேயே வெளியே வந்து கண்ணெதிரே தெளியும். 2000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். நண்பர்களின் முகங்கள், பெயர்ப்பலகை எழுத்துக்கள், தெருவில் கிடந்தவை. 1975-ல் இறந்துபோனார். மூன்று காமிராக்களிலும் பார்வை ஒன்றுதான் என்று நண்பர் சொல்லக்கூடும். பார்வை ஒன்றுதான். ஆனால் பார்க்கப்பட்டவர்கள் ஒரே மாதிரி நடத்தப்படவில்லை.

டயான் ஆர்பஸ் விஷயத்தில் திசை நேர்மாறானது. அவர் 35 மி.மீ. காமிராவில் தொடங்கி, 1962 வாக்கில் ரோலிஃபிளெக்ஸ் சதுரத்துக்கு மாறினார். சூசன் சோன்டாக் 1977-ல் வெளிவந்த நூலில் அவரைக் கடுமையாக விமர்சித்திருப்பது நம்மில் பலர் படித்ததுதான். அந்த விமர்சனத்தில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விசித்திரமானவர்களைத் திருடுவதுதான் ஆர்பஸின் நோக்கம் என்றால் கையிலிருந்த சின்னக் காமிராவே போதும். அதைக் கீழே வைத்துவிட்டு, தம் முகம் வெளியே தெரிகிற, சட்டென்று ஓடிவிட முடியாத ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டார். இது அவரை முழுக்க நியாயப்படுத்தாது. ஆனால் ஒரு கலைஞரின் அறத்தைப் பேசுகிறவர்கள் படத்திலிருந்து தொடங்காமல் பெட்டியிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

நம் பத்திரிகைகளில் பல வருஷங்களாக அரைக்கப்பட்டுவரும் ஒரு வாக்கியம் இருக்கிறது: உள்ளடக்கமே உருவத்தைத் தீர்மானிக்கிறது. அனுபவம் வருகிறது, தனக்கான உருவத்தைத் தானே கொண்டுவருகிறது என்று நானே எழுதியிருக்கிறேன். ஃபிலிம் காமிராவோடு தெருவில் நடந்தவன் இதை நம்புவது கஷ்டம். அவன் விஷயத்தில் உருவம்தான் முதலில் வீட்டை விட்டுக் கிளம்புகிறது. உள்ளடக்கம் பிறகு வழியில் எதிர்ப்படுகிறது. கழுத்தில் 12 படங்கள் தொங்கினால் ஒருவிதமான தெருவும், 36 தொங்கினால் வேறுவிதமான தெருவும் கண்ணில் படுகின்றன. எல்லாவற்றுக்கும் தயாராக மூன்று காமிராக்களையும் பையில் போட்டுக்கொண்டு நானும் சில வருஷம் திரிந்திருக்கிறேன். தோள் வலித்ததுதான் மிச்சம். தீர்மானிக்க மறுப்பதும் ஒரு தீர்மானம். மற்ற எல்லாவற்றையும்விட மோசமான தீர்மானம்.

ஒரு ஆட்சேபணை நியாயமானது. தேர்வு என்பதே வசதியுள்ளவன் பேச்சு. எங்கள் தெருவில் இருந்தது ஒரே ஒரு ஆக்ஃபா கிளிக். காது குத்துக்கும் கல்யாணத்துக்கும் இரவல் போய்வரும். ஊட்டித் தொழிற்சாலையில் 1967-லிருந்து தயாராகிய 'இந்து' ஃபிலிம் ஒரு சுருள் வாங்கினால் அதில் பன்னிரண்டு. அதில் இரண்டு குடும்பத்துக்கு. யாரும் அலமாரி எதிரில் அரைமணி நேரம் நிற்கவில்லை. இன்று அந்தத் தொழிற்சாலை இல்லை. இன்று விற்கும் விலைக்கு 35 மி.மீ. சுருளைக்கூட யாரும் இறைத்துவிட முடியாது. பணம் நம்மைப் பழைய சிக்கனத்துக்கே திருப்பியிருக்கிறது. ஆனால் ஆட்சேபணை என் கட்சியை முறிப்பதில்லை. தேர்வு இல்லாதவனுக்குப் பொறுப்பும் இல்லை. இரண்டு காமிரா வைத்திருப்பவன் அப்படித் தப்பிக்க முடியாது.

இதை எனக்கு முதலில் சொன்னவர் எவன்ஸையோ ஆர்பஸையோ கேள்விப்பட்டிராத எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர். 35 மி.மீ. வாங்கிப் பல வருஷம் ஆன பிறகும் சாவு வீட்டுக்கு அவர் பழைய மரக் காமிராவைத்தான் தூக்கிக்கொண்டு போவார். முக்காலியைச் சுமக்க ஒரு பையன். ஏன் இந்தச் சிரமம் என்று ஒருமுறை கேட்டேன். 'யார் வீட்டுக்குப் போறோம்னு பாத்துத்தான் தம்பி பெட்டிய எடுக்கணும். சின்னத எடுத்துக்கிட்டுப் போயி பளிச் பளிச்சுன்னு அடிச்சா கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருக்கும். இத நிறுத்தினா எல்லாரும் தானா அடங்கி நிப்பாங்க' என்றார். நாற்காலியில் உட்காரவைத்த உடலைச் சுற்றிக் குடும்பம் நிற்கும். ஃபிளாஷ் கிடையாது, வாசல் வெளிச்சம்தான். லென்ஸ் நெடுநேரம் திறந்திருக்கும். அவர் எடுத்த அந்தப் படங்களில் இறந்தவர் மட்டும் துல்லியமாக இருப்பார். உயிரோடு நின்றவர்கள் எல்லோரும் லேசாகக் கலங்கியிருப்பார்கள். அவர் அதை ஒரு குறையாகத்தான் சொன்னார்.

இனி என் விஷயம். 1988-ல் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. என்னிடம் அப்போது ஒரு யாஷிகாவும் ஒரு பென்டாக்ஸும் இருந்தன. ஊருக்குக் கிளம்பும்போது பென்டாக்ஸையும் அதற்கான 135 மி.மீ. லென்ஸையும் எடுத்துக்கொண்டேன். தூரத்தைக் கிட்டே இழுக்கும் லென்ஸ். ஊர் போய்ச் சேர்ந்ததும், வீட்டுக்குள் போகுமுன், எதிர்வீட்டுத் திண்ணைத் தூணுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு சுருள்கள் எடுத்தேன். அப்பா எங்கள் திண்ணையில் உட்கார்ந்து இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தார். ஐந்தாறு படங்கள் நன்றாக வந்தன. பார்த்த நண்பர்கள் நான் எடுத்ததிலேயே அதுதான் சிறந்தது என்றார்கள். அடுத்த முறை போனபோது அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். குழறிய பேச்சில், 'நீ அங்க நின்னுக்கிட்டிருந்தது எனக்குத் தெரியலையேப்பா' என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒருமுறை யாஷிகாவைக் கொண்டுபோனேன். அவர் எதிரில் உட்கார்ந்து பெட்டியில் குனிந்தேன். அவர் அம்மாவைக் கூப்பிட்டு வெள்ளைச் சட்டை கொண்டுவரச் சொல்லி, அம்மாவையே பொத்தான் போடவைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். படமாகப் பார்த்தால் சாதாரணம். வீட்டுச் சுவரில் இருப்பது அதுதான்.

எது நல்ல படம் என்று கேட்டால் முதலாவதுதான் என்று இப்போதும் சொல்வேன். குனிகிற பெட்டி புண்ணியம், தொலைவு லென்ஸ் பாவம் என்று சொல்ல வரவில்லை. அப்படியானால் எவன்ஸின் சுரங்க ரயிலைத் தூக்கி எறிய வேண்டியிருக்கும். நான் சொல்வது வேறு. அந்த லென்ஸை நான் என் அறையில் எடுத்தபோது, ஒளியைப் பற்றியோ தெருவின் அகலத்தைப் பற்றியோ யோசிப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அப்பாவின் பக்கத்தில் போகப் பயந்தேன். அந்தப் பயத்துக்குச் சம்மதித்த பெட்டி அது. அப்படிப் பயந்தவன் நான் என்பதை அப்பாவின் ஒரு வாக்கியம் வரும்வரை நான் அறியவில்லை. என் குற்றம் அந்த அறியாமைதான்.

நண்பருக்கு என் பதில் இதுதான். அவருடைய கடைசிப் பத்துக் கவிதைகளையும் மீண்டும் படித்தேன். மனைவி, அலுவலகம், மழை, ஒரு சாவு. எல்லாம் ஒரே தூரத்திலிருந்து பார்க்கப்பட்டிருக்கின்றன. இறுக்கமான, தன்னை எங்கும் காட்டிக்கொள்ளாத படிமங்கள். சில நல்ல கவிதைகள். அனுபவம்தான் அந்தத் தூரத்தைக் கேட்டது என்று அவர் சொல்வார். பத்து அனுபவங்களும் ஒரே தூரத்தைக் கேட்குமா? எழுத உட்காருமுன் அலமாரியிலிருந்து அவர் எதை எடுத்தார், எதை வைத்துவிட்டார் என்பதை அவர் யோசித்துப் பார்க்க வேண்டும். அரைமணி நேரம் அதிகமில்லை.