நோய்களை வகுத்த நெறிகள்

செடிகொடிகளைத் தாவர சாஸ்திரிகள் எத்துணை நுட்பமாக இனம் பிரித்து வைக்கிறார்களோ அத்துணை நுட்பமாகவே நோய்களையும் பிரித்தல் வேண்டும் என்று, லண்டன் வைத்தியர் தாமஸ் சிடன்ஹாம் 1676-இல் தமது நூலின் முகவுரையில் எழுதினார். அவ்வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, மோன்பெலியே சர்வகலாசாலை ஆசிரியரான ஸோவாஜ் 1763-இல் நோய்களைப் பத்து வகுப்புகளாக்கி, அவற்றின்கீழ் ஏறத்தாழ 2,400 இனங்களை அடுக்கிவிட்டார். அதே ஆண்டில் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், தாம் செடிகளுக்குச் செய்ததை நோய்களுக்கும் செய்து பதினொரு வகுப்புகள் கண்டார். எடின்பரோவில் வில்லியம் கல்லன் 1769-இல் அவற்றை நான்காகச் சுருக்கினார்.

இவர்களுக்கெல்லாம் பிரமாணம், வெளியே தெரியும் குறிகுணமே. ஸோவாஜின் ஏட்டில் வலி ஒரு வகுப்பு, மூச்சுத்திணறல் ஒரு வகுப்பு, ஜுரம் ஒரு வகுப்பு. நம் நாட்டு மாதவ நிதானமும் தனித்தனி நோய்களைச் சொல்லப் புகும்போது ஜுரத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது. ஆதலால் இதை அறியாமை என்று நகைக்க எனக்கு மனம் வரவில்லை. நோயாளியின் படுக்கையருகில் நின்ற வைத்தியனுக்குக் கண்ணும் கையும் காதும் தவிர வேறு கருவி ஏது?

ஆயினும், ஸோவாஜின் நூல் வெளிவருவதற்கு இரண்டாண்டு முன்னரே, பதுவா நகரத்து மோர்கான்யி தமது எழுபத்தொன்பதாம் வயதில், சுமார் 700 பிரேதங்களை அறுத்துக் கண்டதைத் தொகுத்து, நோய்க்கு உடலில் ஓர் ஆசனம் உண்டென்று காட்டியிருந்தார். குறிகுணத்துக்குப் பதில் உறுப்பு பிரமாணமாயிற்று. பின்னர் 1882-இல் ராபர்ட் கோக், கழுத்தில் கட்டியாய்த் தோன்றும் கண்டமாலைக்கும் மார்பை அரிக்கும் க்ஷயத்துக்கும் கிருமி ஒன்றே என்று நிரூபித்தபோது, உறுப்பும் போதாமல் காரணமே பிரமாணமாகும் நிலை வந்தது.

இம்மூன்று நெறியாரும் தத்தம் தத்துவம் கலப்பற்றிருக்க வேண்டுமென்று முயன்றனர். நிலைத்ததோ, மரணப் பதிவேட்டை ஒழுங்குபடுத்த முனைந்த ஒரு புள்ளிவிவர அதிகாரியின் கலப்பு முறைதான். இங்கிலாந்தின் ஜனன மரணப் பதிவு அலுவலகத்தில் 1839 முதல் உழைத்த வில்லியம் ஃபார், ஒரே நோய் மூன்று நான்கு பெயர்களில் பதிவாவதைக் கண்டு சலித்தவர். கொள்ளை நோய்கள், தேகம் முழுவதும் பரவியவை, உறுப்பைப் பற்றியவை, வளர்ச்சிக் கோளாறுகள், காயங்கள் என ஐந்து பிரிவுகளை அவர் வகுத்தார். காரணம் ஓரிடத்தில், உறுப்பு ஓரிடத்தில், வயது ஓரிடத்தில் என்று அளவுகோல் மாறிக்கொண்டேயிருக்கும் இம்முறையைத் தர்க்க சாஸ்திரி எவனும் ஒப்பான். எனினும் மரணப் பத்திரங்களை எண்ணுபவனுக்கு அது உதவிற்று. ஜாக் பெர்த்தியோன் 1893-இல் சிகாகோவில் சமர்ப்பித்த பட்டியலும், உலக சுகாதார ஸ்தாபனம் 1948-இல் ஏற்று, சாவுக்கு மட்டுமன்றி நோய்க்கும் விரித்த ஆறாம் திருத்தமும் அந்தப் பாதையிலேயே வந்தவை.

வகுப்பின் தலைமையில் ஒருகாலத்தில் அமர்ந்திருந்த ஜுரம் இப்பட்டியலில் பல அத்தியாயங்களுக்குள் சிதறிவிட்டது. காரணம் புலப்படாத ஜுரத்துக்கு மாத்திரம், வேறிடத்தில் சேராத அறிகுறிகளின் அத்தியாயத்தில் இன்றும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.