ஆடிக் காற்றும் ஓலைக் காற்றாடியும்: குழந்தைப் பாடலில் பருவங்கள்

மழலையர் வகுப்புகளில் தொங்கும் சுவர்ப்படங்களில் பெரும்பாலும் பருவங்கள் நான்கு. இலையுதிர் காலத்துக்குச் சிவந்த மேப்பிள் இலை. குளிர்காலத்துக்குக் கழுத்துத்துணி சுற்றிய பனிமனிதன். பிள்ளைகள் பஞ்சை ஒட்டிப் பனிமனிதன் செய்து வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். அவர்கள் பார்த்திராத பருவம் அது. தொல்காப்பியம் சொல்லும் பெரும்பொழுது ஆறு. ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். இந்த ஆறும் நம் பிள்ளைகளின் கையில் பொம்மையாகவும் வாயில் பாட்டாகவும் இருந்தவை. இன்று பாட்டு அச்சுப் புத்தகத்துக்குப் போய்விட்டது, கைவேலை கடையில் விற்கும் பொட்டலத்துக்குப் போய்விட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நம் இலக்கியத்தில் குழந்தையின் விளையாட்டுப் பொருள்களுக்குத் தொடக்கம் முதலே இடமுண்டு. குறுந்தொகை 61ஆம் பாட்டில் தச்சன் செய்த சிறுதேரைச் சிறுவர் கையால் இழுத்து மகிழ்கிறார்கள். பட்டினப்பாலையில் மூன்று சக்கரச் சிறுதேர் உருள்கிறது. பிள்ளைத்தமிழ் இலக்கணம் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவற்றை ஆண்பாலுக்குரிய பருவங்களாகவே வைத்தது. மணலில் கட்டும் வீடும், தட்டும் பறையும், இழுக்கும் தேரும் வளர்ச்சிப் படிகளாயின. ஆனால் அங்கே பருவம் என்றால் குழந்தையின் வயது. ஆண்டின் காலம் அல்ல. விளையாட்டுகளைத் தொகுத்த தேவநேயப் பாவாணரும் தம் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ நூலில் ஆண், பெண், பகல், இரவு என்றுதான் பகுத்தார். மாதவாரியாக யாரேனும் பகுத்திருந்தால் வேறொரு சித்திரம் கிடைத்திருக்கும்.

ஏனென்றால் கையால் செய்யும் பொம்மை பெரிதும் காலத்துக்குக் கட்டுப்பட்டது. மூலப்பொருள் காய்க்கும் மாதத்தில்தான் அது பிறக்கும். நுங்கு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் நுங்கு தின்ற பிறகு மிஞ்சும் கூடுகள் இரண்டை ஒரு குச்சியின் இரு முனைகளில் செருகி, நடுவில் கவட்டைக் கம்பை வைத்துத் தள்ளினால் வண்டி. செலவு இல்லை, கடை இல்லை, நுங்கு வெட்டுபவர் வீசியதே போதும். ஐப்பசியில் அதைச் செய்யச் சொன்னால் முடியாது. பருவம் என்பதைப் பாடமாகச் சொல்லாமல் குழந்தைக்கு உணர்த்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பாட்டும் கைவேலையும் நாள்காட்டியும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்ட இடம் என்றால் திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்துச் சிறுவீட்டுப் பொங்கலைத்தான் முதலில் சொல்வேன். மார்கழி முழுக்கப் பெண் குழந்தைகள் வாசலில் கோலமிட்டு, சாணத்தைப் பிடித்து அதன் மேல் பூசணிப்பூவும் பீர்க்கம்பூவும் செருகி வைக்கிறார்கள். அந்தப் பூச்சாணத்தைப் பின்னர் தட்டையாகத் தட்டிக் காய வைத்து நாள்தோறும் சேர்க்கிறார்கள். தைப்பொங்கலுக்குப் பின் முற்றத்தில் களிமண்ணால் சிறுவீடு எழும். வாசல், அடுக்களை எல்லாம் உண்டு. அங்கே சின்னப் பானையில் பொங்கல் வைக்கிறார்கள். பிறகு சேர்த்த எருக்களைக் கும்மியடித்துப் பாடிக்கொண்டே ஆற்றுக்கோ குளத்துக்கோ எடுத்துப்போய் விடுகிறார்கள். ஒரு மாதம் பொறுமையாகச் சேர்ப்பது, பிறகு கட்டுவது, சமைப்பது, பாடிக்கொண்டே நீரில் விடுவது. எந்தக் கல்வித் திட்டமும் இவ்வளவு அழகாக ஒரு பருவத்தைக் குழந்தைக்குக் கொடுத்ததில்லை. பழைய இலக்கியத்தின் சிற்றில் இங்கே களிமண் சுவரோடு உயிருடன் இருக்கிறது.

ஆடியும் இப்படிச் செழித்த மாதம். ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரை ஊர்களில் பிள்ளைகள் சிறு சப்பரம் இழுத்துப் போவார்கள்; மரச்சட்டமும் வண்ணக் காகிதமும் சேர்ந்த தேர் அது. சேலம், நாமக்கல், கரூர்ப் பக்கம் ஆடி முதல் நாள் தேங்காய் சுடுகிறார்கள். ஓட்டை உரசி வழுவழுப்பாக்கி, கண்ணைத் துளைத்து, வெல்லமும் பருப்பும் எள்ளும் போட்டு, அழிஞ்சில் குச்சியில் செருகித் தீயில் வாட்டும் வேலை முழுக்கச் சிறுவர்களின் உற்சாகத்தில் நடப்பது. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றும் நாட்களில், பனையோலைக் கீற்றுகளை மடித்து உடைமுள் செருகிய காற்றாடியும் சுழல்கிறது. பட்டத்துக்கும் ஊருக்கு ஊர் காலம் மாறும். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலை ஒட்டித்தான் பட்டத் திருவிழா. அங்கே பட்டம் ஏற்றுவது வடகிழக்குக் காற்று.

கார்த்திகையின் மாவளி மறைந்துவருவது எனக்குப் பெரிய வருத்தம். ஆண் பனையின் காய்ந்த பூக்குலையைக் குழியில் எரித்து, மண் மூடிக் கரியாக்கி, பொடித்து, துணியில் பொதிந்து, பனைமட்டைக் கீற்றுகளுக்கு நடுவே கட்டி, கயிற்றில் சுழற்றினால் பொறி வட்டமாகச் சிந்தும். மட்டை வெட்டுவதும் நெருப்பு வைப்பதும் பெரியவர் வேலை. கரி பொடிப்பதும் துணி தைப்பதும் பிள்ளைகளுடையது. பல நாள் உழைப்பு ஒரு மாலையின் ஒளியாகும். தமிழ்நாட்டின் மாநில மரம் பனை; அந்த மரம் பிள்ளைகளுக்குக் கொடுத்த மிகச் சிறந்த பரிசு இது. மழைக்காலத்துக் காகிதக் கப்பலும் கத்திக் கப்பலும் எல்லோரும் அறிந்தவை. அவை இன்னும் மிதக்கின்றன.

இனி அச்சேறிய பாடல்கள். பாரதியின் பாப்பா பாட்டில் குருவியும் பசுவும் நாயும் வருகின்றன. நாளின் பொழுதுகளும் வருகின்றன. ஆண்டின் பொழுதுகள் வரவில்லை. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) குழந்தைகளுக்காக எளிய இனிய சந்தங்களைத் தந்தார். பசுவும் கோழியும் கிளியும் அவருடைய உலகம். அழ. வள்ளியப்பா (1922–1989) இந்தத் துறையை வளர்த்தவர். குழந்தை எழுத்தாளர் சங்கத்துக்கு உயிர் கொடுத்தவர், ‘கோகுலம்’ இதழுக்கு ஆசிரியராக இருந்தவர். அவருடைய மாம்பழப் பாட்டைப் பாடாத வீடு இல்லை. ஆனால் அந்தப் பழம் கோடையில்தான் வரும் என்ற எண்ணமே இல்லாமல் ஆண்டு முழுதும் பாடுகிறோம். இது கவிஞரின் குறையன்று. பாட்டை அது பிறந்த மாதத்திலிருந்து பிரித்துப் பாடத்தில் வைத்த நம் பழக்கம்.

பருவத்தை நேராகப் பாடிய குழந்தைப் பாடல்களில் தலைமையிடம் யாழ்ப்பாணத்து நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) ‘ஆடிப்பிறப்பு’க்கே உரியது. ‘தங்கத் தாத்தா’ என்று ஈழத்துப் பிள்ளைகள் அழைத்த புலவர் அவர். விடுமுறையின் குதூகலத்தில் தொடங்கும் அந்தப் பாட்டு, கூழும் கொழுக்கட்டையும் உருவாகும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. மாவும் பனங்கட்டியும் தேங்காயும் சேரும் வரிசை, வீட்டார் கை அசையும் வேகம் எல்லாம் அதில் உண்டு. குழந்தை அதைப் பாடும்போதே செய்முறையும் மனத்தில் பதிகிறது. பாட்டு, பருவம், கைவேலை மூன்றும் கூடிய இடத்தில்தான் குழந்தைக் கவிதை நீண்ட ஆயுள் பெறுகிறது என்பதற்கு இதுவே எனக்குக் கிடைத்த வலுவான சான்று. தமிழகத்துக் கவிஞர் ஒருவர் தேங்காய் சுடுவதையும் மாவளி கட்டுவதையும் இந்தத் தரத்தில் பாடியிருந்தால், அவ்வழக்கங்கள் இன்னும் பல ஊர்களில் நிலைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஆகவே குழந்தைப் பாடல் தொகுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தொகுதியைப் பொருள்வாரியாக அடுக்காமல் சித்திரை முதல் பங்குனி வரை மாதவாரியாக அடுக்குங்கள். ஒவ்வொரு பாட்டின் எதிர்ப்பக்கத்திலும் அம்மாதத்தில் அந்த வட்டாரத்தில் கிடைக்கும் இலை, ஓலை, மண் ஆகியவற்றால் செய்யக்கூடிய ஒரு பொருளைப் படத்தோடு தாருங்கள். ஆசிரியர்கள் பஞ்சுப் பனிமனிதனுக்குச் செலவிடும் வகுப்பை ஓலைக் காற்றாடிக்குக் கொடுக்கலாம். சிறுவீட்டுக் கும்மிப் பாடல்களை அறிந்த பாட்டிமார் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். வருகிற மார்கழியில் உங்கள் ஊர்ப் பாட்டியிடம் உட்கார்ந்து, பாட்டோடு செய்முறையையும் எழுதி வாங்குங்கள்.