கிட்டப் போன கருவியும் எட்டப் போன பறவையும்

அண்மையில் நசரத்பேட்டையில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியைக் காணச் சென்றிருந்தேன். பூந்தமல்லியைத் தாண்டியதும் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் அது. செம்பரம்பாக்கம் ஏரியும் அதிகத் தொலைவில் இல்லை. ஓர் அறையின் சுவர் முழுவதும் மாணவர்கள் எடுத்த பறவைப் படங்கள். காகம், மைனா, மடையான், தேன்சிட்டு, ஆட்காட்டி என்று நாம் அன்றாடம் பார்த்தும் பாராமல் போகும் பறவைகளே அவற்றில் இருந்தன. புலியையும் யானையையும் தேடி ஓடாமல், வாசலில் வந்து அமரும் உயிரைப் படம் பிடித்த அம்மாணவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் பாராட்டோடு நின்றுவிட்டால் அது விமரிசனம் ஆகாது.

முதலில், சிறு பறவையைப் பெரிதாகக் காட்டுவது ஏன் கடினம் என்று பார்ப்போம். மைனாவின் நீளம் ஏறத்தாழ 23 செ.மீ. அது 10 மீட்டர் தொலைவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸில் அதன் பிம்பம் 1 மி.மீ.க்குச் சற்றே கூடுதலாக விழும். 500 மி.மீ. லென்ஸில் அதுவே 11 மி.மீ.க்கு மேல் விழும். சிறிய லென்ஸைக் கொண்டே அதே அளவு பிம்பம் வேண்டுமானால் பறவைக்கு 1 மீட்டர் அருகில் போக வேண்டும். அவ்வளவு அருகில் எந்தப் பறவை நம்மை விடும்? ஆகவே நீண்ட லென்ஸ் வேண்டும். இல்லையேல் பறவை தானாகவே நம்மிடம் வர வேண்டும். இவ்விரண்டும் இல்லாதபோதுதான் மூன்றாவது வழியில் புத்தி போகிறது. அதைப் பின்னர் காண்போம்.

காகத்தின் படம் நன்றாக இருந்தது. வீட்டுக் காகத்தின் கழுத்துச் சாம்பல் நிறம் மார்பின் கருமையோடு கலக்கும் இடமும், மூக்குத் துளைகளை மூடி நிற்கும் மயிர் போன்ற இறகுகளும் தெளிவாகத் தெரிந்தன. தினமும் சோறு வைக்கும் ஒருவருக்கே காகம் இந்த அருகாமையைத் தரும். மைனாவின் படத்தில் குறை உண்டு. மாடியிலிருந்து கீழ்நோக்கி எடுத்ததால் பறவை தரையோடு ஒட்டிக் கிடப்பதுபோல் தோன்றுகிறது. கருவியை அதன் கண் மட்டத்துக்கு இறக்கியிருந்தால், கண்ணைச் சுற்றியுள்ள மஞ்சள் தோலும் கால்களின் நடையும் நன்கு பதிந்திருக்கும்.

மடையானின் படத்தின் முன் நெடுநேரம் நின்றேன். சேறும் தண்ணீரும் காய்ந்த கோரையுமே தெரிந்தன. பறவை எங்கே என்று தேடவேண்டியிருந்தது. ஒரு மூலையில் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றிருந்தது. பலரும் “படம் தெளிவில்லை” என்று சொல்லி நகர்ந்தார்கள். என் கருத்தில் அந்த அறையிலேயே அறிவியல் மிகுந்த படம் அதுதான். வரி வரியான பழுப்பு உடலைக் கொண்ட மடையான் அசையாமல் நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாது. பறந்தால்தான் வெண்சிறகுகள் பளிச்சிடும். இந்த உண்மையைப் படம் ஒரு சொல்லும் இன்றி விளக்கிவிட்டது. பறவையை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கியிருந்தால் இப்பாடம் போயிருக்கும்.

முதற்பரிசு ஆட்காட்டியின் படத்துக்குக் கிடைத்திருந்தது. தரையில் நான்கு முட்டைகள். அவற்றின் அருகே சிறகை விரித்து, அலகைத் திறந்து கத்தும் தாய்ப்பறவை. ஒவ்வோர் இறகும் எண்ணக்கூடிய தெளிவு. தொழில் திறமையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் படத்தைச் சற்றே படித்துப் பாருங்கள். பறவையின் நிழல் அதன் காலடியிலேயே விழுந்திருக்கிறது. எனவே நேரம் ஏறத்தாழ உச்சி வேளை. முட்டைகள் மீது நேர் வெயில் அடிக்கிறது. பறவை கத்துவது அழகுக்காகவா? எதிரே படுத்திருக்கும் மனிதனைப் பார்த்து அஞ்சிக் கத்துகிறது.

ஆட்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில் சிறு குழி பறித்து, சுற்றிலும் கூழாங்கற்களை வைத்து முட்டையிடும். நம் கோடையும் அதன் முட்டைக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே பகலில் அதன் வேலை முட்டைக்குச் சூடு கொடுப்பதைவிட, சூட்டிலிருந்து காப்பதே. முட்டைமேல் நின்று நிழல் தரும். நீருக்குச் சென்று வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கவும் செய்யும். அப்பறவையை அரைமணி நேரம் எழுப்பி நிறுத்தினால் கரு வெந்துவிடலாம். மேலே காகமும் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதுதான் நான் மேலே சொன்ன மூன்றாவது வழி. பறவை ஓடாது, ஏனெனில் முட்டையை விட்டு ஓட அதற்கு மனம் வராது. அந்தப் பாசத்தையே கயிறாகக் கொண்டு அதைக் கட்டிவைக்கிறோம்.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் 1892 ஆம் ஆண்டு செர்ரி கியர்ட்டன் என்பவர் முட்டைகளோடு கூடிய ஒரு கூட்டைப் படமெடுத்தார். அவரும் அண்ணன் ரிச்சர்டும் சேர்ந்து 1895 இல் பறவைக் கூடுகளைப் பற்றி ஒளிப்படங்களுடன் நூல் வெளியிட்டனர். பொம்மை மாட்டின் வயிற்றுக்குள் ஒளிந்திருந்தும் படமெடுத்தனர். அக்காலத்தில் கண்ணாடித் தகடுகள் ஒளியை மெதுவாகவே ஏற்றன. நீண்ட லென்ஸ் எளிதில் கிட்டாது. எனவே பறவை கட்டாயம் திரும்பி வரும் இடமாகிய கூட்டை நாடினர். எரிக் ஹாஸ்கிங் என்ற புகழ்பெற்ற ஒளிப்படக்காரர் 1937 இல் ஆந்தைக் கூட்டின் அருகே பணி செய்தபோது, அந்த ஆந்தை தாக்கி ஒரு கண்ணையே இழந்தார். இன்று நீண்ட லென்ஸும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் படமெடுக்கும் கருவியும் வந்துவிட்டன. தேவை போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது.

நம் சென்னையிலேயே ஒரு முன்னோடி இருந்தார். அவர் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996). பல பாகங்களைத் தாமே இணைத்து அமைத்த பளுவான கருவியால், கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். பத்மஸ்ரீ விருது பெற்றார். மீன்கொத்தியின் நீலத்தைக் கறுப்பு வெள்ளை காட்டாது என்பது அம்முறையின் குறைதான். ஆனால் அவர் படத்தோடு எழுத்தையும் சேர்த்தார். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் இறுதிவரை எழுதிய பத்தியிலும், ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுக்கப்பட்ட தமிழ்க் கட்டுரைகளிலும், எளிய உயிர்கள்கூட என்ன செய்துகொண்டிருந்தன என்பதே முதன்மை பெறுகிறது. இறகின் தெளிவைவிடச் செயலின் தெளிவு பெரிது என்பதை அவரிடம் கற்கலாம்.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி இல்லாமலும் வேட்டையாட முடியும் என்பது இதன் பொருள்.

அப்படியானால் அருகில் எடுப்பதே தவறா? இல்லை. நடந்து துரத்தாமல் ஓரிடத்தில் உட்காருங்கள். நாள்தோறும் அதே இடம், அதே நேரம், அதே மங்கலான சட்டை. மேய்வதை நிறுத்திப் பறவை தலை நிமிர்த்தினால் நீங்களும் நில்லுங்கள். அது மீண்டும் இரை பொறுக்கத் தொடங்கினால் உங்களை ஏற்றுக்கொண்டது என்று கொள்ளலாம். கூட்டைக் கண்டால் விலகிச் செல்லுங்கள். மறைக்கும் இலையை ஒதுக்கிக் கட்டாதீர்கள். அந்த இலைதான் குஞ்சுக்குக் குடை. படத்தின் கீழே நாள், நேரம், தொலைவு, பறவை செய்த வேலை ஆகிய நான்கையும் குறியுங்கள்.

பரிசு பெற்ற மாணவரிடம் பேசினேன். வீட்டுமனைக்கென்று கல் நட்டுப் போட்டிருந்த நிலத்தில் எடுத்ததாகச் சொன்னார்.

“எவ்வளவு நேரம் ஆயிற்று, தம்பி?”

“அரைமணிக்கு மேல் இருக்கும், சார்.”

“பிறகு போய்ப் பார்த்தாயா?”

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “மறுநாள் போனேன், சார். முட்டைகள் இல்லை.”

வெயிலா, காகமா, வேறு ஏதேனுமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆயினும் மறுநாள் போய்ப் பார்க்கவேண்டும் என்று தோன்றியதே, அதுதான் அறிவியலின் தொடக்கம். அவர் செய்யவேண்டியது இன்னும் ஒன்று உண்டு. அந்த அழகிய படத்தின் கீழே “மறுநாள் முட்டைகள் இல்லை” என்றும் எழுதிவைக்க வேண்டும். அதையும் படித்துவிட்டுப் பரிசு வழங்கும் நடுவர்களும் நமக்கு வேண்டும்.