கள்ளூர் அவையும் கல்லூரி வாயிலும்

ஒரு மொழியில் குற்றங்களுக்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்துப் பார்த்தால், அம்மொழியைப் பேசுவோர் நீதியை எவ்வாறு எண்ணுகின்றனர் என்பது விளங்கும். திருட்டு என்றால் திருடன் நினைவுக்கு வருகிறான். கொலை என்றால் கொலைஞன் கண்முன் நிற்கிறான். ஆனால் பெண்ணின் உடல்மேல் நிகழ்த்தப்படும் கொடுமைக்குத் தமிழில் நெடுநாள் வழங்கிய பெயர்கள் வேறு வகையின. கற்பழிப்பு என்றார்கள், மானபங்கம் என்றார்கள். இச்சொற்களில் கொடியவனைக் காணோம். கொடுமைக்கு ஆளானவளே தெரிகிறாள். அவளுடைய கற்பு அழிந்தது, அவளுடைய மானம் பங்கப்பட்டது என்ற தீர்ப்பே கேட்கிறது. பொருளைப் பறிகொடுத்தவனைக் களங்கம் உடையவன் என்று எவரும் கூறார். இங்கு மட்டும் பறிகொடுத்தவளே பழியையும் சுமக்கிறாள்.

இது வெறும் அகராதி ஆராய்ச்சி அன்று. சிங்கப்பூரின் வடகோடியில் உள்ள மார்சிலிங்கில் ஒரு தமிழ்க் குடும்பத்து மகள் பல்கலைக்கழகத்தில் பயில்கிறாள் எனக் கொள்வோம். மார்சிலிங் நிலையத்தில் இரயில் ஏறி, ஜூரோங் ஈஸ்ட்டில் மாறி, கிளமெண்டியில் இறங்கிப் பேருந்து பிடித்தால் கெண்ட் ரிட்ஜ் சேரலாம். அந்தத் தொலைவை எண்ணி அவள் மாணவர் விடுதியில் தங்குகிறாள். அங்கு அவளுக்குத் தீங்கு ஒன்று நேர்ந்தால், பல்கலைக்கழகத்தில் அதை ஆங்கிலத்தில் கூறுவாள். அதற்குரிய சொற்களை அங்கே கற்பித்திருக்கிறார்கள். தாயிடம் எந்தச் சொல்லால் கூறுவாள்? வீட்டில் வழங்கும் தமிழ்ச்சொல், வாய் திறக்கும்போதே அவளைக் குறையுடையவளாக்கிவிடுமானால், அவள் வாய் திறப்பாளா? தமிழ் கற்பிப்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

கள்ளூரில் நடந்தது

தமிழ் எப்போதும் இவ்வாறே பேசியதா? அகநானூற்றின் 256ஆம் பாட்டு வேறு விதமாகப் பேசுகிறது. அது மருதத்திணைப் பாட்டு. பரத்தையோடு புனலாடித் திரும்பிய தலைவனை வாயிலில் தடுத்து நிறுத்துகிறாள் தோழி. ஊரில் எழுந்த அலர் எத்தகையது என்பதை உரைக்கக் கள்ளூரில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை ஒப்புமையாகக் காட்டுகிறாள். அவ்வூரில் ஓர் இளம்பெண்ணின் நலத்தை ஒருவன் கவர்ந்தான். பின்னர் அவளை அறியேன் என்று அவையில் சூளுரைத்தான். அவையத்தார் அவன் சொல்லை அப்படியே ஏற்கவில்லை. சான்று கூறத் தக்காரை வினவினர். அவன் கூறியது பொய் எனத் துணிந்தனர். அவனை மரக்கிளையில் இறுகக் கட்டித் தலையில் நீற்றைப் பெய்தனர். அப்போது அவையில் எழுந்த ஆரவாரத்தைவிடத் தலைவனைப் பற்றிய அலர் பெரிது என்பது தோழியின் கூற்று.

இப்பாட்டின் சொல்லாட்சி கருதத் தக்கது. அவனுடைய செயலுக்குப் புலவர் ஆண்ட வினைச்சொல் வவ்வுதல். பிறர்க்கு உரியதைக் கவர்தல் என்பது அதன் பொருள். கவரப்பட்டது அவளுடைய நலம் என்றே பாட்டுக் கூறுகிறது. கற்பு என்று கூறவில்லை. அறம் இல்லாதவன் என்ற அடை அவனுக்கே கிடைக்கிறது. அவள்மேல் ஒரு சிறு இழிசொல்லும் விழவில்லை. நீறும் ஆரவாரமும் அவன் தலைமேல் விழுகின்றன. அவன் அவளை வலிந்து கவர்ந்தானா, வஞ்சித்துக் கவர்ந்தானா என்பதைப் பாட்டு விரித்துரைக்கவில்லை. ஆயினும் ஊர் எவ்வாறு நடந்துகொண்டது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. பெண்ணின் பக்கத்தைக் கேட்டது, சான்றை ஆராய்ந்தது, பொய்யனை வெளிப்படுத்தியது.

இதைக் கொண்டு பண்டைத் தமிழகம் பெண்ணுக்குக் குறையற்ற நீதி வழங்கியது என்று பெருமை பேசுதல் பொருந்தாது. இந்தப் பாட்டே பரத்தையை நாடிய தலைவனைப் பற்றியது. அவ்வுலகின் குறைகள் பல. ஆயினும் பழியை உரியவன்மேல் வைத்துப் பேசும் ஆற்றல் தமிழுக்குப் புதிதன்று என்பதற்கு இப்பாட்டுச் சான்றாகும்.

கற்பு அழியுமா?

அகப்பொருள் இலக்கணம் காதல் வாழ்வைக் களவு, கற்பு என இரு நிலையாகப் பகுத்தது. தொல்காப்பியத்தில் களவியலை அடுத்து நிற்பது கற்பியல். அங்கே கற்பு என்பது மணவாழ்க்கையின் பெயர். பிற இடங்களில் அது மனத்தின் உறுதியைக் குறிக்கும். எப்பொருளில் கொண்டாலும் கற்பு அவளுடையது. மணவாழ்க்கை என்று கொண்டால் அயலான் ஒருவனின் வன்செயல் அதை அழித்தது என்பது பொருளற்ற பேச்சு. மன உறுதி என்று கொண்டால், பிறன் கைவலிமை அவள் மனத்துள் எவ்வாறு புகும்? ஆதலால் கற்பழிப்பு என்னும் தொடர் தமிழ் மரபின்படி பார்த்தாலும் பிழையான தொடரே.

இவ்விலக்கணம் இன்னொன்றையும் அறிந்திருந்தது. ஒத்த அன்பையே ஐந்திணையாகப் போற்றியது. ஒருபக்க வேட்கையைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் புறத்தே நிறுத்தியது. காம மிகுதியால் வலிந்து கொள்ளுதலைப் பெருந்திணையில் அடக்கியது. இசைவு இல்லாதது அன்பின் பாற்படாது என்ற தெளிவு அப்பகுப்பில் உண்டு. இன்று பல்கலைக்கழகங்கள் தனிப்பாடமாக நடத்தும் இசைவு என்ற கருத்தை ஐந்திணைப் பாடத்தின் ஊடே தமிழ் வகுப்பிலும் விளக்கலாம்.

பிற்காலத்தில் கற்பு பெண்ணின் உடலோடு பிணைந்த உடைமை போல் ஆயிற்று. ஆணுக்கும் அது வேண்டும் என்று பாரதியார் கேட்டார். ஒருதலையான அக்கோட்பாட்டையே பெரியார் சாடினார். எனினும் செய்தித்தாளும் வழக்காடு மன்றமும் பழைய தொடர்களை எளிதில் விடவில்லை. சட்டமும் அதற்குத் துணை நின்றது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றி 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்குத் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. சிங்கப்பூரின் தண்டனைச் சட்டம் அதன் வழிவந்தது. இரு நாட்டிலும் 354ஆம் பிரிவும் 509ஆம் பிரிவும் பெண்ணின் அடக்கத்துக்கு நேர்ந்த இழிவு என்றே குற்றத்தை வரையறுத்தன. மானபங்கம் என்ற தமிழ்ச்சொல் அதற்கு நன்றாகப் பொருந்திவிட்டது.

தாய் ஊற்றிய நீர்

இக்காலத் தமிழில் இப்பொருளைத் துணிந்து எழுதியவர்களுள் ஜெயகாந்தன் முதன்மையானவர். அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. பெண்கள் கல்லூரியின் அருகே, மழையில், பேருந்துக்குக் காத்து நிற்கிறாள் ஒரு மாணவி. பெரிய கார் ஒன்றில் வந்தவன் அவளை ஏற்றிச் செல்கிறான்; அவள் நிலை உணராமல் கெடுக்கிறான்; வீட்டருகே இறக்கிவிட்டுப் போய்விடுகிறான். செய்தி அறிந்த தாய் முதலில் குமுறுகிறாள். பின்னர் மகளின் தலையில் நீரை ஊற்றி, அவள் தூய்மையாகிவிட்டாள் என்று தேற்றுகிறாள்; இதை எவரிடமும் கூறாதே என்றும் அறிவுறுத்துகிறாள்.

வெளிவந்த காலத்தில் இக்கதை பெரும் எதிர்ப்பை எழுப்பியது. மகளை விலக்காத தாயைப் படைத்ததே குற்றம் என்றனர் பலர். அந்த எதிர்ப்பை எண்ணும்போதே அத்தாயின் உயர்வு தெரிகிறது. எனினும் இன்று படிப்போர் அங்கேயே நின்றுவிடுதல் ஆகாது. கழுவ வேண்டும் என்றால் அழுக்கு இருக்க வேண்டும். தாய் அழுக்கைப் போக்குகிறாளே தவிர, அழுக்கே இல்லை என்று கூறவில்லை. அவள் அன்பு பழைய சொல்லின் எல்லைக்குள்ளேயே இயங்குகிறது. கார்க்காரனைத் தேடுவார் இல்லை. அவனை வினவும் அவையும் இல்லை. வாயிலில் நிகழ்ந்த தீங்கில் கல்லூரிக்கும் பொறுப்பு உண்டு என்ற எண்ணம் எவருக்கும் எழவில்லை. நீர் மகளின் தலையில் விழுகிறது. கள்ளூரில் நீறு அவன் தலையில் விழுந்தது.

இக்குறை ஆசிரியருக்குத் தெரியாததன்று. 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அவரே இக்கதையைத் திருப்பிப் பார்க்கிறார். அங்கே தாய் அலறிவிடுகிறாள், ஊர் அறிகிறது, தமையன் தங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். அடைக்கலம் தந்த மாமனும் அவளிடம் தகாத நோக்கம் கொள்கிறான். 1972இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்ற இந்நாவலும் சிறுகதையும் சேர்ந்து ஒன்றைக் காட்டுகின்றன. வாய் மூடினால் அவள் தனியே சுமக்க வேண்டும். வாய் திறந்தால் ஊரார் கையால் துன்புற வேண்டும். இரு வழியிலும் சுமப்பவள் அவளே. அன்றைய சமுதாயத்தில் மூன்றாம் வழி இல்லை என்பதை எழுத்தாளர் மறைக்கவில்லை.

கெண்ட் ரிட்ஜில் எழுந்த வினா

அந்த மூன்றாம் வழியைச் சிங்கப்பூரில் ஒரு மாணவியே திறந்தாள். 2018 நவம்பரில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக விடுதியில் அவள் குளித்துக்கொண்டிருந்ததை உடன் பயில்பவன் ஒருவன் படம் பிடித்தான். காவல்துறை அவனுக்கு 12 மாத நிபந்தனை எச்சரிக்கை விடுத்தது. பல்கலைக்கழகம் ஒரு பருவம் இடைநீக்கியது; விடுதிக்குள் நுழைவதைத் தடுத்தது; மன்னிப்புக் கடிதம் எழுதச் செய்தது. 2019 ஏப்ரலில் அம்மாணவி இதனை உலகறிய எடுத்துரைத்தாள். தன் தூய்மையைப் பற்றி அவள் பேசவில்லை. இழைத்தவனுக்கு இத்தண்டனை போதுமா என்பதே அவள் கேட்டது. அச்சிறு வினாவில் ஒரு பெரிய மாற்றம் அடங்கியிருக்கிறது. வழக்கின் நடுவிடத்திலிருந்து அவள் விலகிக்கொண்டாள். அவனை அங்கே நிறுத்தினாள்.

பயன் விரைவில் தெரிந்தது. அப்போதைய கல்வி அமைச்சர் ஓங் யி காங் தண்டனை போதாது என்றார். 2015 முதல் 2018 வரையிலான மூன்று கல்வியாண்டுகளில் ஆறு பல்கலைக்கழகங்களில் மாணவர் தொடர்பான பாலியல் ஒழுங்கீனங்கள் 56 எனவும், அவற்றுள் 37 காவல்துறைக்குச் சென்றன எனவும் 2019 மே திங்களில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மறுதிங்களே பல்கலைக்கழகம் ஆய்வுக்குழுவின் பரிந்துரைகளை ஏற்றது. கடுங்குற்றங்களுக்கு ஓராண்டுக்குக் குறையாத இடைநீக்கம், மிகக் கொடியவற்றுக்கு உடனடி நீக்கம், பாதிக்கப்பட்டோர்க்குத் தனிப் பிரிவு, மதிப்பும் இசைவும் பற்றிய கட்டாயப் பாடம் ஆகியன வந்தன. 2020 சனவரி 1 முதல், பிறர் அந்தரங்கத்தை ஒளிந்து நோக்குதலும் படம் பிடித்தலும் சட்டத்தில் தனிக்குற்றமாயின. அதுவரை அவை பெண்ணின் அடக்கத்தை இழிவு செய்தல் என்ற பெயரில் அடங்கியிருந்தன. செயலுக்கு அதன் பெயரே கிடைத்தபின் செய்தவன் ஒளிந்துகொள்ள இடம் குறைந்தது.

சென்னையில் ஒரு முதல் தகவல் அறிக்கை

சொல் தீங்கு செய்யும் என்பதற்குச் சென்னை அண்ணா பல்கலைக்கழக நிகழ்ச்சி அண்மைச் சான்று. 2024 டிசம்பர் 23ஆம் நாள் அவ்வளாகத்தில் ஒரு மாணவி வன்கொடுமைக்கு ஆளானாள். அவள் முறையிட்டாள். முதல் தகவல் அறிக்கை அவள் அடையாளத்தோடு வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் கசிவைக் கண்டித்ததோடு நிற்கவில்லை. அவ்வறிக்கையின் நடையே பாதிக்கப்பட்டவள்மேல் பழி சுமத்துவதாக உள்ளது என்றும் கண்டித்தது. அவளுக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. பெண் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவையும் அமைத்தது. 2025 சூனில் குற்றவாளிக்கு 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றத்தை விசாரிக்கும் நீதிமன்றம் குற்றத்தை எழுதிய நடையையும் விசாரித்தது. கள்ளூர் அவையின் பண்பு அங்கே ஓரளவு மீண்டது எனலாம்.

தமிழ் வகுப்பின் பங்கு

சொல்லை மாற்றினால் செயல் மாறிவிடுமா என்று கேட்போர் உளர். சொல் மட்டும் போதாது என்பது உண்மை. விதியும் விசாரணையும் தண்டனையும் வேண்டும். கெண்ட் ரிட்ஜ் அனுபவமும் அதையே கூறுகிறது. ஆனால் விசாரணை தொடங்க முறையீடு வேண்டும். முறையிட ஒரு சொல் வேண்டும். அச்சொல் கூறுபவளையே சுடுமானால் விதிநூல் திறக்கப்படாமலே கிடக்கும்.

புதிய சொற்களையும் ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும். சில்மிஷம் என்பது கொடுமையை விளையாட்டாக்குகிறது. பாலியல் தொல்லை என்பது பெருங்குற்றத்தையும் சிறு இடையூறு போல் காட்டக்கூடும். பாலியல் வன்கொடுமை என்பது பழியை உரிய இடத்தில் வைக்கிறது; ஆனால் தீண்டல் முதல் வல்லுறவு வரை எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. வல்லுறவு, தகாத தீண்டல், ஒளிந்து படம் பிடித்தல் என நடந்ததை நடந்தபடி கூறுவதே நன்று. இச்சொற்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. கற்பு பெண்ணுக்கே உரியதாகக் கருதப்பட்டதால், கொடுமைக்கு ஆளான இளைஞனுக்குப் பழந்தொடரில் இடமே இல்லை. செயலைக் குறிக்கும் சொல் அவனுக்கும் வாய் தருகிறது.

தமிழாசிரியர்க்கு இதில் பெரும் பங்கு உண்டு. அகநானூற்றைப் பாடம் சொல்லும்போது கள்ளூர்க் கதையை உவமை என்று கடந்துவிடாமல் நின்று விளக்கலாம். 'அக்கினிப் பிரவேச'த்தை நடத்தும்போது தாயின் அன்பைப் போற்றுவதோடு, காரில் வந்தவன் எங்கே என்றும் மாணவர்களைக் கேட்கச் செய்யலாம். கட்டுரையில் கற்பழிப்பு என்று எழுதும் மாணவனுக்கு அது ஏன் பிழை என்பதை எடுத்துரைக்கலாம். இவற்றுக்குப் புதிய பாடநூல் எதுவும் வேண்டியதில்லை. மார்சிலிங்கில் தாயின் எதிரே அமரும் மகளுக்குத் தலைகுனியாமல் பேசும் தமிழை வகுப்பறை முன்கூட்டியே தந்திருக்க வேண்டும். அவள் கூறியதைக் கேட்ட தாய், நீரைத் தேடிப் போகாமல், செய்தவன் யார் என்று கேட்பாளாக.